நாற்பது பேர் ஏறிய காலை

பனையடித்துறை ஹால்ட்டில் ரயில் நிற்பது காலையில் ஒரு நிமிஷம், மாலையில் ஒரு நிமிஷம். அந்த இரண்டு நிமிஷத்துக்காக ஜெய்னுலாபுதீன் மரைக்காயர் நாலு வருஷம் ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார். நாளை வா என்று சொல்லிப் பார்த்தார்கள்; மனுஷன் விடாக்கண்டர், மறுநாளே போய் நின்றார். கடைசியில் 1954இல் ஒரு தகரக் கொட்டகை வந்தது. டிக்கெட் கொடுக்க ராக்கப்பன் வந்து சேர்ந்தான்.

டிக்கெட் கொடுப்பது, கொடி காட்டுவது, விளக்குத் துடைப்பது, பெருக்குவது எல்லாம் அவன் ஒருத்தன்தான். ஐந்து வருஷத்தில் ஆள் பாதியாகிப் போனான். உத்தரகோசமங்கைப் பக்கம் சொந்த ஊருக்கே ஓடிவிடலாம் என்று தோன்றாத நாளில்லை. மகள் சண்முகவள்ளிக்காகத்தான் கிடந்தான். தாயில்லாப் பிள்ளை, நாலாவது ஃபாரம் படிக்கிறாள். காலை ரயிலில் ராமநாதபுரம் பள்ளிக்கூடம் போய் மாலை ரயிலில் திரும்புவாள். பஸ் பிடிக்க வேண்டுமானால் மூன்று மைல் மணலில் நடக்க வேண்டும். வயசுப் பிள்ளையை எப்படித் தனியாக அனுப்புவது? ரயில் நிற்காவிட்டால் அவள் படிப்பும் அதோடு சரி.

அந்த ஐப்பசியில் ஒரு கடுதாசி வந்தது. புதன்கிழமை ஆபீசர் ஒருவர் நேரில் வந்து பார்ப்பார்; காலை ரயிலில் நாற்பது பேராவது ஏறாவிட்டால் ஹால்ட்டை மூடிவிடுவார்கள். வழக்கமாக ஏறுவது பத்துப் பன்னிரண்டு பேர். ராக்கப்பன் வீடு வீடாகப் போய்ச் சொன்னான். ஊருக்கு ஒரே குஷி! எல்லாரும் ஏறுவது, அடுத்த ஸ்டேஷனில் இறங்குவது, ஒன்பது மணிக்குள் நடந்து திரும்பிவிடுவது என்று முடிவானது. நோயில் படுத்திருந்த மரைக்காயர்கூட, "என்னையும் தூக்கிட்டுப் போயி ஏத்துங்கடா" என்று சிரித்தார்.

புதன்கிழமை விடியும் நேரத்தில் அவர் மகன் ஹமீது சுல்தான் கொட்டகை வாசலில் வந்து நின்றான்.

"வாப்பா மௌத்தாயிட்டாக அண்ணே. மோதினாருகிட்ட சொல்லப் போறேன். வழியில ஒங்ககிட்டயும் சொல்லிட்டுப் போலாம்னு…"

ராக்கப்பனுக்கு அன்றைய ரயில்தான் முதலில் நினைவுக்கு வந்தது. பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் சேதி சொல்லிவிட்டால் அடக்கம் முடியும்வரை அந்த ஊரில் ஒரு ஆள் வெளியே கிளம்பமாட்டான். தோணிகூடக் கரையை விட்டு நகராது. ஏழு மணி ரயிலுக்கு ஈ காக்காய் இருக்காது. நல்ல மனுஷன் செத்திருக்கிறார், நமக்குப் புத்தி எங்கே போகிறது பார் என்று தன்னையே நொந்துகொண்டான். ஆனாலும் வாய் கேட்டுவிட்டது.

"தம்பி, ஒரு ரெண்டு மணி நேரம் பொறுத்துச் சொல்லுவியா? ஒன்பது மணிக்கெல்லாம் எல்லாரும் திரும்பிருவாக."

ஹமீது தண்டவாளத்தைப் பார்த்தான். "வாப்பாவும் இதத்தான் சொல்லிருப்பாக" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பிப் போனான். அந்த வீட்டுப் பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார்கள்.

ரயிலுக்குக் கூட்டமான கூட்டம். பெருநாள் போல உடுத்திக்கொண்டு வந்திருந்தார்கள். தோணிக்காரர் சதக் முன்னால் நின்று ஒவ்வொருவராக ஏற்றிவிட்டார். நாற்பத்தாறு பேர்! ஆபீசர் குறித்துக்கொண்டார். பிறகு, யாரும் எதிர்பார்க்காதபடி, அவரும் அதே பெட்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

ஒன்பது அடித்தது. பத்தும் அடித்தது. பாதையில் ஒரு தலையும் தெரியவில்லை. ராக்கப்பன் தண்டவாளத்தோரமாகவே அடுத்த ஸ்டேஷனுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனான்.

"இங்கன ஒருத்தரும் எறங்கலையே" என்றார் அங்கிருந்த போர்ட்டர். "அந்த ஆபீசர் ஆளாளுக்கு எங்க போறீக, என்ன சோலின்னு கேட்டுக்கிட்டே வந்தாரு. எல்லாரும் ராம்நாடுன்னுட்டாக. பெறகு எப்படி எறங்குவாக?"

சேதி தெரியாதவர்கள் பஸ்ஸுக்கு அவசரப்படப்போவதில்லை; திரும்ப மாலை ரயில்தான். ராக்கப்பன் வந்த வழியே ஹமீது வீட்டுக்கு ஓடினான்.

மய்யித்தை அடக்காமல் காக்க வைக்கக் கூடாது என்பார்கள். மரைக்காயர் அன்று பகல் முழுக்கக் காத்துக் கிடந்தார். ஊரில் மிச்சமிருந்தவர்கள் பெண்களும் தள்ளாத கிழவர்களும்தான். குழி வெட்டுகிறவன்கூட ராமநாதபுரத்தில் இருந்தான். ஹமீதும் ராக்கப்பனும் மாறி மாறி வெட்டினார்கள். "வந்துருவாகளாண்ணே?" என்று ஹமீது ஒரு தடவை கேட்டான்.

மாலை ரயிலில் வாழைத்தாரும் வளையலும் மிட்டாய்ப் பொட்டலமுமாக, சிரித்துக்கொண்டே வந்து இறங்கினார்கள். பிளாட்பாரத்திலேயே ராக்கப்பன் சொல்லிவிட்டான்.

"எப்ப?" என்றார் சதக்.

"விடியக்காலம்."

"நாங்க ஏறும்போது ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

சதக் அவனை அடித்திருந்தால்கூடத் தேவலை. எல்லாரும் கையிலிருந்ததை அங்கங்கே வைத்துவிட்டு மரைக்காயர் வீட்டை நோக்கி ஓடினார்கள். இருட்டுவதற்குள் அடக்கம் முடிந்தது.

பத்து நாளில் உத்தரவு வந்தது. ஹால்ட் இருக்கும், ரயில் நிற்கும். ஆனால் ஏறத்தான் ஆளில்லை. ஊர்க்காரர்கள் விடியற்காலையில் கூட்டாகக் கிளம்பி மூன்று மைல் நடந்து பஸ்ஸுக்குப் போனார்கள். ராக்கப்பன் ஒரு நாள் சதக்கை வழி மறித்து ஏன் என்று கேட்டேவிட்டான்.

"ஒன் மேல கோவமில்லப்பா" என்றார் அவர். "அந்த ரயில்ல கால வச்சா, அவுக அங்கன கெடக்க நாம சிரிச்சுக்கிட்டுப் போனோமேன்னு இருக்கு. முடியல."

ஒரு மாதம் சண்முகவள்ளி மட்டும் ஏறினாள். ஒரு திங்கட்கிழமை, பையை மாட்டிக்கொண்டு அவன் முன்னால் வந்து நின்றாள்.

"அய்யா, அவுக என்னையும் கூப்பிடுறாக. தொணைக்குத்தான் அத்தன பேரு இருக்காகளே. இனிமே நானும் அவுக கூடவே நடந்து போறேன்."

மணல் பாதையில் அவர்கள் அவளுக்காக நின்றுகொண்டிருந்தார்கள். அவனால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. அவள் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டாள்.

ஏழு மணி ரயில் வந்து நின்றது. கார்டு எட்டிப் பார்த்து, "என்னப்பா, இன்னைக்கு ஒன் மகளும் வரலையா?" என்றார்.

"இல்ல சார்" என்று ராக்கப்பன் பச்சைக் கொடியை ஆட்டினான்.