கலேர்வோவின் சூடான கராஜ்

வெளியே எல்லாம் உறைந்துகிடக்கிற ஜனவரி மாதத்திலும் கலேர்வோவின் கராஜில் பதினெட்டு டிகிரி சூடு. அதை நினைத்தாலே எனக்கு வயிறு எரியும். என் மனைவியாக இருந்த உல்லாவை ஆறு வருஷத்துக்கு முன்னால் கட்டிக்கொண்டான், சரி, போகட்டும். அவளும் நானும் என்றைக்கும் ஒத்துப்போனதில்லை. ஆனால் என் மகள் சைமி, கலேர்வோ இதை வாங்கினார், கலேர்வோ அதைச் சொன்னார் என்று ஆரம்பித்தால் குடிக்கிற காபி தொண்டையில் இறங்காது.

ஒரு சனிக்கிழமை சைமி தன் பழைய நீலக் காரில் வந்தாள். பின்சக்கரத்துக்கு மேலே மிளகளவு துருப் புள்ளிகள், கதவடியிலும் ஒன்றிரண்டு. பனி உருகச் சாலையில் கொட்டுகிறார்களே உப்பு, அது செய்த வேலை. கலேர்வோ கராஜுக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறானாம். எனக்குப் பொறுக்கவில்லை.

"பெத்த அப்பன் நான் இருக்கேன்ல? இன்னைக்கே முடிச்சுத் தர்றேன்" என்றேன்.

"வெளிய மைனஸ் பதினஞ்சுப்பா. வசந்தம் வரட்டுமே."

வசந்தம் வரைக்கும் விட்டால் அவன் முந்திக்கொள்வான். விடுவேனா?

என்னிடம் கராஜ் கிடையாது. நாலு கம்பத்தின்மேல் ஒரு கூரை, அவ்வளவுதான். ஆனால் சவுனா இருக்கிறது. குவோப்பியோ ஊர்க்காரர்களான எங்களுக்குத் தலைவலி முதல் மனவலி வரை அந்தச் சூட்டு அறைதான் மருந்து. அடிப்பூச்சுக்கான பிரைமர் டப்பாவையும் பெயிண்ட் டப்பாவையும் அதன் கீழ்ப்பலகையில் விருந்தாளிகள் மாதிரி உட்காரவைத்து இதமாகச் சூடேற்றினேன். துருவை உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்துவிட்டு, வெளியே நின்று பூசினேன். பெயிண்ட் வழவழவென்று இறங்கியது. பெயிண்ட்தான் சூடு, தகடு பனிக்கட்டி என்பது அப்போது என் புத்தியில் உறைக்கவில்லை. சைமி என்னைக் கட்டிக்கொண்டு நன்றி சொன்னாள். அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

பத்து நாள் கழித்துக் கலேர்வோ போன் செய்தான். அதுவரை அவன் என்னிடம் போனில் பேசியதே இல்லை. நான் பூசிய இடமெல்லாம் அம்மை போட்ட மாதிரி கொப்புளித்துவிட்டதாம். ஈரம் அடியில் சிக்கியிருக்கிறது. கார் இரண்டு நாளாக அவன் கராஜில் நிற்கிறதாம். அவமானத்தில் எனக்குக் காது சுட்டது. அதான் ஜெயிச்சுட்டியே, நீயே பூசிக்கோ என்று கத்த வாயெடுத்தேன்.

"நானே செஞ்சிருப்பேன்" என்றான். "அவ விடல. சூட்டுல நிக்கட்டும், எங்கப்பா வந்து பாத்துக்குவாரு, நீங்க தொடாதீங்கன்னுட்டா. ஆறு வருஷமா இப்படித்தான். அவளோட எதையும் தொட விட்டதில்ல. தகடு நல்லா காஞ்சு சூடாயிருச்சு. நீ வா."

போனேன். அவன் வாங்கிவைத்த உப்புத்தாள், பிரைமர், மெல்லிய தூரிகைகள் எல்லாம் உறை பிரிக்காமல் மேசையில் வரிசையாக இருந்தன. கொப்புளங்களைச் சுரண்டி எடுத்தேன். சுவரோரமாக நின்று அவன் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். ஆறு வருஷமாக நான் அவனைப் பார்த்த பார்வை அது.

நல்ல மனுஷனாக இருந்தால் பாதி வேலையை அவனுக்குக் கொடுத்திருப்பான். நான் ஒரு தூரிகையை நீட்டினேன். சைமி தினமும் பார்க்கிற சக்கரத்துப் பக்கத்தைக் காட்டவில்லை. குனிந்தாலும் தெரியாத, கதவடியில் இருந்த ஒரே ஒரு புள்ளியைக் காட்டினேன்.

தூரிகையை வாங்கிக்கொண்டு, அவன் சிமெண்டுத் தரையில் மல்லாந்து படுத்தான்.