பேப்பர் கப்பே போதும்

பேப்பர் கப்பா, எவர்சில்வர் டம்ளரா என்ற கேள்வியை மார்த்தாள் ஏன் இவ்வளவு பெரிதாக்குகிறாள் என்று சுலோச்சனாவுக்கு முதலில் விளங்கவில்லை. மார்த்தாளின் மகள் ஷாரோனுக்குக் கல்யாணப் புடவை எடுத்தாகிவிட்டது. சர்ச்சில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாகிவிட்டது. சமையலுக்கு ஆள் பேசியாகிவிட்டது. ரிசப்ஷனுக்கு வருகிறவர்கள் பாதாம் பாலை எதில் குடித்தால் என்ன, வயிற்றுக்குள் போனால் சரி. ஆனால் மார்த்தாள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்திவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தாள்.

"சாம்சன் பேப்பர் கப்புன்றான். ஷாரோன் டம்ளருதான்னு நின்னுக்கினு கீறா. அண்ணனும் தங்கச்சியும் ரெண்டு நாளா மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு கீறாங்க. நீங்க சொல்லுங்கம்மா. நீங்க சொல்றத செய்யறேன்."

கடைசியாகச் சொன்னது சுலோச்சனாவுக்கு மிகவும் பிடித்திருந்தது. அவள் சொல்வதைச் செய்ய இந்த உலகத்தில் வேறு யாரும் மிச்சமில்லை. கணவர் தாமோதரன் போய்ச் சேர்ந்துவிட்டார். ஏரிப் பாசனத்து நிலமெல்லாம் குத்தகையில் இருந்தது. மகன் தினேஷ்குமார் பூனாவிலிருந்து போன் செய்வான், சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்று கேட்பான், இரண்டுக்கும் இவள் "உம்" என்பாள், வைத்துவிடுவான். அந்தப் பெரிய வீட்டில் பகல் முழுவதும் மனிதக் குரலாக இருந்தது மார்த்தாளுடையது மட்டும்தான். நாற்று நட வந்தவள், பிறகு வீட்டு வேலைக்கு வந்தாள், அப்படியே வந்துகொண்டிருந்தாள். அவள் வராத ஞாயிற்றுக்கிழமைகளில், வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசியாக வேண்டுமே என்பதற்காகவே சுலோச்சனா தெருவில் போகும் கீரைக்காரியைக் கூப்பிட்டு, எல்லாக் கீரைக்கும் விலை கேட்டு, ஒன்றும் வேண்டாம் என்று அனுப்பிவைப்பாள். கீரைக்காரி முணுமுணுத்துக்கொண்டு போவதையும் வாசலில் நின்று கேட்பாள்.

இப்போது அதற்கும் ஆபத்து வந்திருந்தது. செங்கல்பட்டில் நர்ஸாக இருக்கும் ஷாரோன், கல்யாணத்துக்குப் பிறகு அம்மா யார் வீட்டுக்கும் வேலைக்குப் போகக்கூடாது, தன்னோடு வந்து இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாளாம். "நீ என்ன சொன்னே?" என்று சுலோச்சனா பதறிக்கொண்டு கேட்டதற்கு மார்த்தாள், "பாக்கலாம்மா, நான் இன்னும் ஒண்ணும் சொல்லல" என்றாள். அந்தப் "பாக்கலாம்" அன்றிலிருந்து சுலோச்சனாவைச் சரியாகத் தூங்க விடவில்லை.

"சாம்சன் சொல்றதுல இன்னா தப்பு? தூக்கிப் போட்டா வேல முடிஞ்சிச்சி" என்றாள் சுலோச்சனா.

"அவன் அதுக்கு சொல்லலம்மா. ஊர்த்தெருவுலருந்து நாலு பேரு வந்தா, பேப்பர் கப்புல குடுத்தா குடிப்பாங்க, டம்ளர்ல குடுத்தா குடிக்கமாட்டாங்கன்னு சொல்றான். ஷாரோன் அதுக்குத்தான் குதிக்கறா. டீக்கடையில முன்ன எங்களுக்குன்னு தனி கிளாஸ் இருந்திச்சி இல்ல? அது போயி இப்ப எல்லாருக்கும் பேப்பர் கப்பு. அது எங்களுக்காவ வந்திச்சின்னு நான் நெனச்சிக்கினு இருந்தேன். அவ சொல்றா, இல்லம்மா, எங்க கிளாஸ்ல வாய் வெக்க வேணான்னு அவங்களுக்காவ வந்திச்சின்னு. இத்தினி படிச்சிட்டு இன்னா பேச்சு பாருங்க."

மார்த்தாள் சிரித்தாள். சுலோச்சனாவும் கூடவே சிரித்துவைத்தாள். எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமல் சிரிப்பது கொஞ்சம் கஷ்டம்தான்.

"நீங்க வருவீங்க இல்லம்மா?"

"வராம? நான் வராம உன் பொண்ணு கல்யாணமா?"

"வந்தா, எதுல குடிப்பீங்க?"

அப்போதுதான் சுலோச்சனாவுக்குக் கேள்வியே புரிந்தது. அண்ணன் தங்கை சண்டைக்குப் பஞ்சாயத்து கேட்கவில்லை இவள். மார்த்தாள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் அப்படி நேராக அவள் பார்த்ததில்லை.

சுலோச்சனா கெட்டவள் அல்ல. இதை அவளே தனக்கு அடிக்கடி சொல்லிக்கொள்வாள். கொரோனா வந்து படுத்தபோது பக்கத்து வீட்டுத் திலகா, சொந்த ஓரகத்தி, ஜன்னலைக்கூடச் சாத்திக்கொண்டாள். மார்த்தாள்தான் தன் வீட்டை விட்டுவிட்டு இங்கேயே கிடந்து, கஞ்சி காய்ச்சி, தலையைத் தன் மடியில் தூக்கி வைத்துப் புகட்டினாள். அந்தக் கையால் குடித்ததுதான் இன்று உடம்பில் ஓடுகிற உயிர். ஆனால் அது நாலு சுவருக்குள் நடந்தது. யாரும் பார்க்கவில்லை. கல்யாணப் பந்தலில் எல்லோரும் பார்ப்பார்கள். இவள் போய்க் காலனியில் உட்கார்ந்து டம்ளரில் குடித்தாள் என்ற சேதி இவளுக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்துவிடும். திலகா அதை வைத்துக்கொண்டு ஒரு வருஷம் ஓட்டுவாள்.

"பேப்பர் கப்பே போதும் மார்த்தா" என்றாள் சுலோச்சனா. "அவ்ளோ டம்ளர யாரு கழுவிக்கினு கீறது? உனக்குத்தான் பேஜாரு."

"சரிம்மா" என்றாள் மார்த்தாள். முறத்தைத் தட்டிவிட்டுக் கல் பொறுக்க ஆரம்பித்தாள். வழக்கமாக அரிசி முடிவதற்குள் ஊர்க்கதை முழுக்க வந்துவிடும். அன்றைக்கு அரிசி சீக்கிரம் முடிந்தது.

தான் சொன்ன யோசனை எல்லோருக்கும் நல்லது என்று அன்று சாயங்காலத்துக்குள் சுலோச்சனா முடிவுக்கு வந்துவிட்டாள். எல்லோர் கையிலும் பேப்பர் கப் இருக்கும். தானும் கூச்சமில்லாமல் வாங்கிக் குடிக்கலாம். மார்த்தாளுக்கும் மனசு குளிரும். அந்தச் சமயம் பார்த்து, கையைப் பிடித்துக்கொண்டு கேட்டுவிட வேண்டும். என்னை விட்டுட்டுப் போகாத மார்த்தா, நீ பாத்திரம் தேய்க்க வேணாம், கூட்ட வேணாம், சும்மா வந்து உட்காந்து பேசிட்டுப் போ. இதை டிவி பார்த்தபடி பலமுறை சொல்லிப் பார்த்தாள். சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் வந்தது. எப்படியும் மார்த்தாள் இளகிவிடுவாள் என்று பட்டது.

ரிசப்ஷன் அன்று பட்டுப்புடவையோடு வாசலைப் பூட்டும்போது திலகா பார்த்துவிட்டாள்.

"கவர குடுத்துட்டு வந்துடுக்கா. அங்க வாய்ல ஒண்ணும் வெக்காத."

"பேப்பர் கப்புதான் வெக்கறாங்க. நான்தான் அப்படி வெக்கச் சொன்னேன்" என்றாள் சுலோச்சனா, ஏதோ சாதித்தவள் மாதிரி.

ஏரிக்கால்வாயைத் தாண்டினால் காலனி. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அவள் அந்தப் பாலத்தைத் தாண்டியதில்லை. தாண்டக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. போக வேண்டிய வேலை வந்ததில்லை, அவ்வளவுதான். அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வருவதற்குத்தான் எப்போதும் வேலை இருந்தது.

சர்ச்சை ஒட்டிப் பந்தல் போட்டிருந்தார்கள். சாம்சன் ஓடிவந்து, "வாங்கம்மா, வாங்க" என்று முன்வரிசைக்கு அழைத்துப் போய், தோளில் கிடந்த துண்டால் நாற்காலியைத் துடைத்துவிட்டான். அந்த வரிசை முழுவதும் ஊர்த்தெருக்காரர்களுக்காக ஒதுக்கியிருந்தது. ஒருவரும் வரவில்லை. கைவைத்த நாற்காலிகள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை காலியாகக் கிடக்க, நடுவில் சுலோச்சனா மட்டும் உட்கார்ந்திருந்தாள். முதுகுக்குப் பின்னால் ஒரே இரைச்சல். நெருக்கியடித்துக்கொண்டு, ஒருவர் மடியில் ஒருவர் பிள்ளையைப் போட்டுக்கொண்டு, எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் பார்க்க அவளுக்கு ஆசையாக இருந்தது. இரண்டு முறை திரும்பினாள். இரண்டு முறையும் பேச்சு சட்டென்று மரியாதையாக அடங்கியது. பிறகு திரும்பவில்லை.

பாதாம் பால் வந்தது. சபையின் மாதர் சங்கத்துப் பெண்கள் தாம்பாளங்களில் ஏந்திக்கொண்டு வந்தார்கள். தாம்பாளம் நிறைய எவர்சில்வர் டம்ளர்கள், பந்தல் விளக்கில் பளபளவென்று.

ஷாரோன்தான் ஜெயித்திருக்கிறாள் என்று சுலோச்சனாவுக்குத் தெரிந்துபோயிற்று. ஒரு நிமிஷம் கவரைக் கொடுத்துவிட்டு எழுந்துவிடலாமா என்று பார்த்தாள். ஆனால் அடுத்த நிமிஷம் அவளே எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. குடித்தால் என்ன என்று தோன்றியது. திலகா சொன்னால் சொல்லிக்கொண்டு போகட்டும். திலகாவா வந்து தன்னோடு நாளெல்லாம் பேசப்போகிறாள்? குடித்துவிடுவது என்று முடிவெடுத்தாள். எடுத்ததும் மனசு லேசாகிவிட்டது. முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, கையைக்கூடத் தயாராக வைத்துக்கொண்டாள்.

தாம்பாளம் ஏந்திய பெண் அவளைத் தாண்டிப் போனாள். "அம்மாவுக்குத் தனியா வருது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மார்த்தாளே வந்தாள். அரக்கு நிறப் பட்டுப்புடவையில் அடையாளமே தெரியவில்லை. கையில் ஒரு தட்டு. தட்டில் ஒரே ஒரு பேப்பர் கப்.

"குடிங்கம்மா."

"இன்னா மார்த்தா, எல்லாருக்கும் டம்ளரு. எனக்கு மட்டும் இன்னா இது?"

"நீங்க சொன்னதுதாம்மா. ஷாரோன் கேக்கவே இல்ல, எல்லாருக்கும் டம்ளருதான்னுட்டா. சரி, மத்தவங்களுக்கு அவ சொன்னபடி ஆவட்டும், உங்களுக்கு மட்டும் நீங்க சொன்ன மாதிரி செய்யலான்னு சாம்சன உத்திரமேரூருக்கு அனுப்சி வாங்கியாரச் சொன்னேன்."

அந்தக் குரலில் குத்தல் இருக்கிறதா என்று சுலோச்சனா தேடினாள். இருந்திருந்தால் கோபித்துக்கொள்ளலாம், எழுந்தும் போகலாம். குத்தல் இல்லை. எப்போதும் காப்பி கொண்டுவந்து கொடுக்கிற அதே குரல்தான்.

"நானும் டம்ளர்லயே குடிக்கறேன். எடுத்துக்கினு வா."

"வேணாம்மா. நாளைக்குத் திலகாம்மா கேட்டா உங்களுக்குத்தான் பேஜாரு. பயப்படாம குடிங்க, நாங்க யாரும் வாய் வெச்சதில்ல. இப்பத்தான் பாக்கெட்ட பிரிச்சி ஊத்தினேன்."

சுலோச்சனா கப்பை வாங்கிக்கொண்டாள். கேட்க வேண்டியதைக் கேட்க இதுதான் நேரம். டிவி முன்னால் சொல்லிப் பார்த்த வார்த்தைகளில் ஒன்றும் வாய்க்கு வரவில்லை.

"திங்கக்கெழம வருவே இல்ல மார்த்தா?"

மார்த்தாள் தட்டை இடுப்பில் ஒட்டி வைத்துக்கொண்டாள். "ஷாரோன் கூட போறேம்மா. உங்களுக்கு வேற ஆளு சொல்லி வெச்சிட்டுத்தான் போவேன்."

"பாக்கலான்னு சொன்னியே?"

"சொன்னேம்மா. உங்கள கேட்டுக்கினு முடிவு பண்ணலான்னுதான் இருந்தேன். எதுல குடிப்பீங்கன்னு அன்னிக்கி கேட்டேன் இல்ல?"

யாரோ கூப்பிட, மார்த்தாள் "தோ வரேன்" என்று போய்விட்டாள். சுலோச்சனா பாதாம் பாலைக் குடித்தாள். நன்றாகவே இருந்தது. சர்க்கரை அளவாக, முந்திரி தாராளமாக. பின்னால் காலி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு வந்த பெண்கள், "இன்னொரு டம்ளரு ஊத்தட்டுமா, வேணான்னா வயிறு கேக்குமா?" என்று ஒவ்வொருவரிடமும் வம்பிழுத்துக்கொண்டு வந்தார்கள். முன்வரிசைக்கு வந்ததும் பேசாமல் தாண்டிப் போனார்கள். பேப்பர் கப்பை யாரும் திருப்பி வாங்க வேண்டியதில்லை அல்லவா. போடுவதற்கு ஒரு கூடை இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. ஒரே ஒரு கப்புக்காக யார் கூடை வைப்பார்கள்?

"அம்மா, போட்டோவுக்கு வாங்க" என்று மேடையிலிருந்து ஷாரோன் இவளைப் பார்த்துக் கூப்பிட்டாள். நல்ல பெண், சிரித்த முகமாகத்தான் கூப்பிட்டாள். சுலோச்சனா கப்போடு மேடை ஏறினாள். பெண், மாப்பிள்ளை, பக்கத்தில் மார்த்தாள், மார்த்தாளுக்குப் பக்கத்தில் இவள்.

"கையில கீறத கீழ வெச்சிடுங்கம்மா" என்றார் போட்டோக்காரர்.

வைக்க இடமில்லை. சுலோச்சனா கப்பை மார்த்தாளின் பக்கமாக லேசாக நீட்டினாள். நீட்டுகிறோம் என்று தெரிந்து நீட்டவில்லை. இத்தனை வருஷமாக எச்சில் தட்டானாலும் டம்ளரானாலும் நீட்டினால் அந்தக் கை வந்து வாங்கிக்கொள்ளும், அந்தப் பழக்கம். மார்த்தாள் கப்பைப் பார்த்தாள். பிறகு மகளின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு கேமராவைப் பார்த்தாள்.

"கொஞ்சம் சிரிங்கம்மா" என்றார் போட்டோக்காரர். யாரைச் சொல்கிறார் என்று எல்லோருக்கும் தெரிந்தது. எச்சில் கப்பை முந்தானைக்குள் மறைத்துப் பிடித்துக்கொண்டு, தனக்கு இனி யாருமில்லை என்று தெரிந்துகொண்டே, சுலோச்சனா சிரித்தாள்.