மேலே போகிற சாமான்

ஹீட்டரை மொட்டைமாடி அறையிலிருந்து கீழே இறக்கும்போது சக்கரம் ஒன்று கழன்று படிக்கட்டில் துள்ளிக்கொண்டு ஓடியது. வள்ளிநாயகி அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. கேஸ் சிலிண்டரை முதலிலேயே தனியாக இறக்கியாகிவிட்டது. இருந்தும் வெறும் தகரக்கூடே இடுப்பை முறித்தது. மறுபக்கம் பிடித்திருந்த துஷானி மூச்சு வாங்கினாளே தவிர வாயைத் திறக்கவில்லை. ஒரு வாரமாக அவள் வள்ளிநாயகியோடு பேசுவதில்லை.

குவைத்தில், ஃபர்வானியாவில் இருந்த அந்த வீட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. எதையும் குப்பையில் போடமாட்டார்கள், மேலே அனுப்புவார்கள். ஸ்பிரிங் குத்துகிற மெத்தை மேலே போகும். கதவு மூடாத ஃப்ரிட்ஜ் மேலே போகும். மேலே, வேலைக்காரிகள் இரண்டு பேரும் படுக்கிற அறைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் அது பழசு இல்லை, மேடம் கொடுத்தது. வாங்கிக்கொண்டு சிரிக்க வேண்டும். இந்த கேஸ் ஹீட்டரும் போன குளிருக்கு அப்படித்தான் மேலே வந்தது. வந்த நாளிலிருந்தே மஞ்சளாக எரிந்தது, சுவரில் கரி அடித்தது. இந்தக் குளிருக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே பட்டென்று அணைய ஆரம்பித்தது. துஷானி எழுந்து எழுந்து பொத்தானை அழுத்திப் பற்றவைப்பாள். ஜனவரிக் காற்று தகரக் கூரையைப் பிய்த்துக்கொண்டு உள்ளே இறங்குகிறதே என்று ஜன்னல் இடுக்கிலும் கதவடியிலும் பழைய டவல்களை அடைத்தவள் வள்ளிநாயகிதான்.

போன வாரம் துஷானி காலையில் எழுந்து வாந்தி எடுத்தாள். மறுநாளும் எடுத்தாள். மூன்றாம் நாள் சமையலறையில் மயங்கிச் சரிந்தாள். கல்யாணம் ஆகாத வேலைக்காரி வாந்தி எடுத்தால் அந்த வீட்டில் ஒரே அர்த்தம்தான். மேடம் அன்றைக்கே அவளைக் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே வேண்டியது ஒரே ஒரு டெஸ்ட். வயிற்றில் ஒன்றும் இல்லை என்று சொன்னதும், கலாஸ், முடிந்தது. அப்படியானால் எதற்கு வாந்தி என்று யாரும் கேட்கவில்லை. மேடத்தை விடுங்கள், வள்ளிநாயகிக்குக்கூட வாயில் அந்தக் கேள்வி வரவில்லை. எந்த டிரைவர், சொல்லு, என்று பாத்ரூம் கதவில் சாய்த்து வைத்து துஷானியை உலுக்கியவள் அவள்தான். தனக்கும் காலையில் தலை பிளக்கிறதே என்பதைப் பற்றி அவள் யோசித்தது கிடையாது. பன்னிரண்டு வயதில் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்துக்கூடையைத் தலையில் மாட்டியவளுக்கு வலி ஒரு செய்தியே இல்லை.

ரிப்பேருக்கு வந்தவர் சாதிக் பாட்ஷா. கீழக்கரைக்காரர், தெருமுனையில் கேஸ் அடுப்புக் கடை வைத்திருந்தார். பாலைவனத்தில் மேடம் வீட்டார் குளிர்காலத்துக்குப் போடுகிற கூடாரத்துக்கென்று புது ஹீட்டர் ஒன்றை அட்டைப்பெட்டியோடு கொண்டுவந்து கராஜில் இறக்கிவிட்டு, பழையதன் முகத்தைக் கழற்றினார். நெருப்பு பிடிக்கிற வெள்ளை ஓடு மூன்றும் வெடித்திருந்தன. உள்ளே விரல் விட்டு எடுத்தார். விரல் கறுப்பாக வந்தது.

"இதப் போட்டுக்கிட்டா ரெண்டு பேரும் தூங்குறீய? மூடுன ரூம்ல விஷக்காத்தாச்சே இது. காலைல தலவலி, வாந்தி ஏதும் வரலையா?"

துஷானி அந்தக் கறுப்பு விரலைப் பார்த்தாள். பிறகு வள்ளிநாயகியைப் பார்த்தாள். ஹீட்டரைக் கையால் காட்டினாள். ஒரு வாரத்துக்குப் பிறகு அவளிடமிருந்து வந்த முதல் பேச்சு அது.

"இந்தா நிக்கிறான் அக்கா, நீங்கள் தேடின ஆள்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். வள்ளிநாயகிக்குச் செவிட்டில் அறை விழுந்ததுபோல இருந்தது. குனிந்து தரையில் கிடந்த திருகாணிகளைப் பொறுக்கினாள்.

மேடம் போனைக் காதில் வைத்தபடி கராஜுக்கு வந்தார். பாட்ஷா அரபியில் பணிவாகவே சொன்னார். இது போய்விட்டது, இந்த மாடலுக்கு ஓடு கிடைக்காது, காற்று கெட்டால் தானாக அணைகிற ஏற்பாடு ஒன்று உள்ளே இருப்பதால்தான் அடிக்கடி அணைகிறது, வேறு வாங்குவதே நல்லது. மேடம் போனில் இருந்தவளைக் கொஞ்சம் இரு என்று சொல்லிவிட்டு, அணைகிறது என்பதுதானே குறை, அணையாமல் செய்து கொடு, என்றார். வேறு கடைக்காரனுக்கும் இது தெரியும் என்றார். பாட்ஷா தாடியைச் சொறிந்தார். பிறகு உட்கார்ந்து, அந்த ஏற்பாட்டுக்குப் போகிற இரண்டு ஒயரை வெட்டித் தோலை உரித்து ஒன்றோடொன்று முறுக்கினார்.

"அண்ணே, ஒங்க புள்ளைங்க படுக்குற ரூம்ல இத வைப்பீங்களா?" என்று வள்ளிநாயகி தமிழில் கேட்டாள்.

அவர் தலை நிமிரவில்லை. "ஜன்னலக் கொஞ்சம் தொறந்து வச்சுக்கங்கக்கா. நான் செய்யலேன்னா இன்னொருத்தன் செய்வான். எனக்கு இந்தத் தெருவே பொழப்பு."

பொழப்பு. எல்லாருக்கும் அதுதான் வாயில் இருக்கிறது. தோட்டத்துக் கங்காணிக்கு இருந்தது, ஏஜென்சிக்காரனுக்கு இருந்தது, இப்போது நம்ம ஊர்ப்பக்கத்துக் கடலோரக்காரனுக்கும் இருக்கிறது. கத்தினால் நாளைக்கே ஊருக்கு டிக்கெட் போட்டுவிடுவார்கள். அவள் கத்தவில்லை. ஒயரை மூடி முகத்தை மாட்டி, பற்றவைத்து, அணையாது என்று பாட்ஷா காட்டியதும், கையை அப்ரனில் துடைத்துக்கொண்டு பதினாலு வருஷத்து அரபியில் மெதுவாகச் சொன்னாள்: மேடம், இதுதான் நல்லா ஆயிடுச்சே. இதைக் கூடாரத்துக்கு எடுத்துப் போங்க. புதுசைப் பெட்டி பிரிக்காமல் கடையிலேயே திருப்பிக் கொடுத்துடலாம். எதுக்கு வீண் செலவு?

மேடம் போனைக் காதிலிருந்து எடுத்தார். கோபமில்லை, வியப்புதான். விவரம் தெரியாதவளுக்கு விளக்குகிற குரலில் சொன்னார்:

"கூடாரத்தில் பிள்ளைகள் தூங்குவார்கள்."

பாட்ஷா டூல்ஸ் பையின் ஜிப்பை இழுத்தார். அது பாதியில் மாட்டிக்கொண்டது. மேடம் போனில் விட்ட இடத்திலிருந்து பேசத் தொடங்கினார். தான் சொன்னது என்ன என்பது அவருக்குத் தெரியவே இல்லை. தெரிந்து சொல்லியிருந்தால்கூட வள்ளிநாயகியால் தாங்கியிருக்க முடியும். யல்லா, மேலே கொண்டு போ, என்று கையால் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

இரண்டு பேரும் தூக்கினார்கள். ஒரு சக்கரம் இல்லாத ஹீட்டர் படிக்குப் படி சுவரில் இடித்தது. இடிக்கட்டும் என்று விட்டாள். மாடி வந்ததும் துஷானி பழக்கத்தில் அறைக் கதவைக் காலால் தள்ளினாள்.

"உள்ள வேணாம். இங்கயே எறக்கு."

"வெளியிலயோ? காத்து அடிக்குது அக்கா."

"அடிக்கட்டும். எறக்கு."

தண்ணீர்த் தொட்டிக்கும் டிஷ் ஆன்டெனாக்களுக்கும் நடுவே, திறந்த வெளியில் இறக்கினார்கள். வள்ளிநாயகி கீழே போய் சிலிண்டரை ஒற்றைத் தோளில் சுமந்து வந்து மாட்டினாள். குமிழை முழுசாகத் திருப்பினாள். மாலைக் காற்றில் நெருப்பு குப்பென்று பிடித்து, வளைந்து, அணையாமல் நின்றது. அறைக்குள் போய் ஜன்னலிலும் கதவடியிலும் தான் அடைத்த டவல்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்தாள். இரண்டு கம்பளிகளை எடுத்துவந்து ஒன்றைத் துஷானியின் தோளில் போட்டாள். போடும்போது அவள் தோள் ஒரு கணம் ஒதுங்கியது, பிறகு நின்றது.

கீழே முற்றத்திலிருந்து மேடம் அண்ணாந்து பார்ப்பது தெரிந்தது. கேஸ் வீணாகிறது, உள்ளே எடுத்து வை, கதவைச் சாத்து என்று முதலில் அரபியில் குரல் வந்தது. அப்புறம் வள்ளிநாயகியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. அப்புறம் படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. துஷானி எழப்போனாள். வள்ளிநாயகி அவள் முழங்காலில் கையை வைத்து அழுத்தினாள்.

செருப்புச் சத்தம் ஏறி வந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் கம்பளிக்குள் கால்களை இழுத்துக்கொண்டு, முகத்தில் சூடும் முதுகில் குளிருமாக உட்கார்ந்திருந்தார்கள். ஹீட்டர் மஞ்சளாக வாயைத் திறந்து, ஃபர்வானியாவின் மொட்டைமாடிகள் அத்தனைக்கும் அனல் ஊதிக்கொண்டிருந்தது.