சுவரைப் பார்த்த படம்

பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மூன்றாவது கடிதத்தை முழுசாகப் படிப்பதற்குள்ளேயே எலியின் அம்மா நாத்தனாரோடு சண்டையை ஆரம்பித்துவிட்டாள். முதல் இரண்டு கடிதத்துக்குப் போட்ட சண்டை இன்னும் முடியாமல் பாதியில் கிடந்ததால், விட்ட இடத்திலிருந்து தொடர்வது சுலபமாக இருந்தது.

"உங்கள நம்பித்தான அண்ணி பிள்ளைய விட்டுட்டுப் போறேன். காலைல எங்க கூட்டிட்டுப் போறீங்க அவள?"

"பள்ளிக்கூடத்துக்கு," என்றாள் நாத்தனார். தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அப்ப இது என்ன?"

"என்னக் கேட்டா? எழுதினவங்களக் கேளு."

கடிதம் சுருக்கமாக இருந்தது. உங்கள் மகள் இருபத்தெட்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. முப்பது ஆனால் பெயரை எடுத்துவிட்டு, இடம் கேட்டுக் காத்திருக்கும் வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவோம். நாளை வியாழன், காலை பத்து மணிக்குக் குடும்பத்தோடு வரவும். கீழே பூப்போட்ட எழுத்தில், 'பள்ளியும் குடும்பமும் ஒன்று.' அந்தப் பூவைப் பார்த்ததும்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாளைக்கு இருபத்தொன்பது, வெள்ளிக்கிழமை முப்பது. இதற்குப் பூ வேறு.

எலி என்பது வீட்டுப் பெயர். பென்சிலின் தலையைக் கொறிப்பாள், நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தைக் கொறிப்பாள், ஏழு வயதாகியும் விடவில்லை. அப்பா தூரத்தில் வேலை. வெள்ளிக்கிழமை போனில் வந்து, "எல்லாரும் நல்லா இருக்கீங்களா" என்று கேட்டு, பதிலைக் கேட்காமல் வைத்துவிடுகிற மனிதர். அவருடைய அக்காதான் இந்த நாத்தனார். முன்னறையில் மெஷினைப் போட்டுக்கொண்டு ஊர் முழுக்கத் துணி தைத்துக் கொடுப்பவள். அளவு எடுத்தால் அரை விரல் தப்பாது, பேசினால் ஒரு வார்த்தை தப்பாது, எல்லாம் குத்தும்.

எலியின் அம்மாவுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. ஏழு வாரத்துக்கு முன்பு ஒரு வியாழக்கிழமை அவளைக் காலை ஷிப்டுக்கு மாற்றினார்கள். அதுவரை எலியைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டது அவள்தான். இப்போது எலி எழுவதற்குள் அவள் இரண்டு மூட்டை படுக்கை விரிப்பைத் துவைக்கும் உருளையில் ஏற்றியிருப்பாள். விடுமுறை புதன்கிழமை மட்டும். அன்று மட்டும் அவள் விடுவாள், மற்ற நாலு நாளும் நாத்தனார்.

சலவைக்கூடத்தில் ஒரு விரிப்பு காணாமல் போனால் யாரும் கத்துவதில்லை. மூட்டையில் கட்டியிருக்கும் சீட்டில் தேதியைப் பார்ப்பார்கள். கத்தி முடித்த பிறகு அவளுக்கு அது ஞாபகம் வந்தது. எலியின் பையைக் கவிழ்த்து நோட்டுப் புத்தகங்களை எடுத்தாள். ஓரமெல்லாம் கொறித்திருந்தது, ஆனால் தேதிகள் பத்திரமாக இருந்தன. திங்கட்கிழமை கணக்கு, சிவப்பு மையில் சரி, கீழே டீச்சரின் கையெழுத்து. செவ்வாய்க்கிழமை எழுத்துப் பயிற்சி, சிவப்பு மை, கையெழுத்து. வியாழன், வெள்ளி, அடுத்த திங்கள், ஒரு நாள் விடாமல் இருந்தது.

"அண்ணி, இவ தெனமும் போயிருக்கா."

"அதத்தான் மூணு கடுதாசியா சொல்லிட்டிருக்கேன்."

மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம் அது. எலியின் அம்மா கேட்கவில்லை. அப்படி ஒரு பழக்கம் அவளுக்கு எப்போதும் இருந்ததில்லை. நாத்தனார்மேல் இருந்த கோபத்தை அப்படியே சுருட்டி எடுத்துப் பள்ளிக்கூடத்தின்மேல் வைத்தாள், அவ்வளவுதான்.

மறுநாள் சூப்பர்வைசரிடம் அரை நாள் கெஞ்சி வாங்கி, சோப்பு வாடை போகாத கையோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். காலையில் எலியை விட்டுவிட்டு அங்கேயே நின்றிருந்த நாத்தனார் பேசாமல் பின்னாலேயே வந்து, தலைமை ஆசிரியை அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

"உள்ள வாங்க அண்ணி, குடும்பத்தோடதான வரச் சொன்னாங்க."

"கூப்பிட்டா வரேன்."

தலைமை ஆசிரியைக்குப் பிள்ளைகளின் பெற்றோர் வைத்த பட்டப்பெயர் விசில். கழுத்தில் எப்போதும் ஒன்று தொங்கும். மேசையில் ரெஜிஸ்டர் விரித்திருந்தது. பக்கத்தில் எலியின் வகுப்பு டீச்சர், சின்னப் பெண், கையில் சிவப்புப் பேனாவோடு ஓரமாக நின்றாள். உட்காரச் சொல்லவில்லை. எலியின் அம்மா தானாகவே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"ஏழு வாரத்துல உங்க பொண்ணு வந்தது ஏழே நாள்," என்றாள் விசில். "ஏழும் புதன்கிழமை. மத்த நாள்ல உங்க வீட்டுல பொழுது விடியாதா?"

"எங்க வீட்டுல உங்களுக்கு முன்னாடியே விடிஞ்சிடும். என் பிள்ளை தெனமும் வந்திருக்கா."

"அப்ப ரெஜிஸ்டர் பொய் சொல்லுதா?"

"ரெஜிஸ்டருக்கு வாய் ஏது. நீங்க எழுதினதத்தான் அது வெச்சிருக்கும்."

"பாருங்கம்மா, வெளிய நாப்பது பேர் இடம் கேட்டு நிக்கிறாங்க. அக்கறையுள்ள குடும்பங்க. உங்கள மாதிரி பெத்துப் போட்டுட்டு வேலைக்குப் போறவங்க..."

அந்த வாக்கியம் முடியவில்லை. எலியின் அம்மா ஆறு நோட்டுப் புத்தகத்தையும் மேசையில் போட்டாள். வைக்கவில்லை, போட்டாள். பேனா ஸ்டாண்ட் குலுங்கியது.

"ரெஜிஸ்டர்ல ஒரு தேதி சொல்லுங்க. வராத தேதியா பாத்து சொல்லுங்க."

பதிலுக்குக் காத்திருக்காமல் எலியின் அம்மாவே ரெஜிஸ்டரைத் தன் பக்கம் திருப்பி, விரலை வைத்து ஒரு தேதியைப் படித்தாள். நோட்டைப் புரட்டினாள். "இந்தாங்க, கணக்கு. ஆறு போட்டிருக்கா, அஞ்சு சரி, ஒண்ணு தப்பு. யார் கையெழுத்து இது?" இன்னொரு தேதி படித்தாள், இன்னொரு நோட்டைப் புரட்டினாள். "இங்க 'அழகா எழுது'ன்னு போட்டிருக்கு. வராத பிள்ளைய எப்படி டீச்சர் அழகா எழுதச் சொன்னீங்க?"

டீச்சரின் முகத்தில் ஈயாடவில்லை. "அது... அவ வந்தா. தெனமும் வருவா. ரெண்டாவது வரிசை."

"ரெஜிஸ்டருக்குக் கீழயும் உங்க கையெழுத்துதான் இருக்கு."

"ரெஜிஸ்டர நாங்க எழுதறதில்லீங்க. ஆபீஸ்ல எழுதுவாங்க. வெள்ளிக்கிழமை வரும், கையெழுத்து போடுவோம்."

"பாக்காம?"

டீச்சர் பேனாவின் மூடியைப் பார்த்தாள். கண் முன்னால் உட்கார்ந்திருந்த குழந்தையை ஏழு வாரம் இல்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாள். எலியின் அம்மாவுக்கு எழுந்துபோய் அவளைப் பிடித்து உலுக்கலாம் போலிருந்தது. கூடவே ஒரு சந்தோஷமும் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஜெயித்துவிட்டாள். இந்த அறையில் முதல் தடவையாக மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் முழித்தார்கள்.

ஆனால் விசில் சும்மா விடுகிற ஆள் இல்லை. இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நோட்டுகளின்மேல் வைத்தாள்.

"இது உங்க கையெழுத்துதான?"

அவள் கையெழுத்துதான். வருஷ ஆரம்பத்தில், தாழ்வாரத்தில் நின்றபடி, சுவரில் வைத்துப் போட்ட ஒன்பது கையெழுத்தில் ஒன்று. படிக்க யாருக்கு நேரம் இருந்தது?

"இப்பப் படிங்க," என்றாள் விசில்.

படித்தாள். இந்தப் பள்ளியில் குடும்பத்தின் பங்கை வளர்ப்பதற்காக, வகுப்பில் பெயர் கூப்பிடும் முறை நிறுத்தப்படுகிறது. வாசலில் உள்ள பலகையில் ஒவ்வொரு பிள்ளையின் படமும் ஒட்டிய அட்டை, சுவரைப் பார்த்தபடி தொங்கும். பிள்ளையைக் கொண்டுவந்து விடும் குடும்பத்தினர் தங்கள் கையால் அட்டையைத் திருப்ப வேண்டும். ஒன்பது மணிக்கு முகம் தெரியும் அட்டைகளே வருகையாக எழுதப்படும். பிள்ளைகள் அட்டையைத் தொடக்கூடாது.

அந்தப் பலகையா? பலகை அவளுக்குத் தெரியும். புதன்கிழமை தோறும் போகிற போக்கில் எலியின் அட்டையைத் திருப்பிவிட்டுத்தான் வருவாள். எல்லா அம்மாவும் திருப்பினார்கள், அவளும் திருப்பினாள். பிள்ளைகளைக் குஷிப்படுத்த ஏதோ விளையாட்டு என்று நினைத்திருந்தாள். புதன்கிழமை தோறும். ஏழு புதன்.

"திருப்பாம விட்டது உங்க வீடு," என்றாள் விசில். "நாங்க இல்ல."

எலியின் அம்மா எழுந்து போய்க் கதவைத் திறந்தாள்.

"அண்ணி. வாசல்ல பலகை இருக்குல்ல, எலி போட்டோ மாட்டி. அத நீங்க ஏன் திருப்பல?"

நாத்தனார் பெஞ்சிலிருந்து எழுந்திருக்கவில்லை. இந்தக் கேள்விக்கு ஏழு வாரமாகப் பதில் தைத்து, காஜா எடுத்து, பட்டன் வைத்துத் தயாராக வைத்திருந்தாள்.

"நான் அவளக் கொண்டுவந்து விட்ட மொத நாள், அவ பள்ளிக்கூட டைரில கையெழுத்து போட்டேன். ஞாபகம் இருக்கா? 'அம்மா'ன்னு போட்ட எடத்துல போட்டுட்டேன். அன்னிக்கு சாயங்காலம் நீ என்ன சொன்ன?"

சொன்னது ஞாபகம் இருந்தது.

"நீ சொல்லலன்னா நான் சொல்றேன். 'பெத்தவ நான் உசுரோட இருக்கேன். எம்பிள்ளை பேரு இருக்குற எடத்துல இனிமே உங்க கை படக்கூடாது.' அந்த அட்டைல அவ பேரு எழுதியிருக்கு. கீழ 'அம்மா, அப்பா'ன்னு எழுதியிருக்கு. நான் தொடல."

"அதுக்காக? வேணும்னே செஞ்சீங்களா அண்ணி?"

"வேணும்னேதான். அதுல ரெஜிஸ்டர் இருக்குன்னு எனக்கென்ன தெரியும், நீ சொன்னியா? கலர் அட்டை, ஆட்டிட்டுப் போறாங்கன்னு நெனச்சேன். அவளக் கொண்டுவந்து கேட்டுக்குள்ள விட்டு, கிளாசுக்குள்ள நொழையுற வரைக்கும் நின்னு பாத்துட்டுத்தான் போவேன். அதுல ஒரு நாள் கொறை சொல்லு பாப்போம்."

அறைக்குள் விசில் தொண்டையைக் கனைத்தாள். டீச்சர் எழுதிக் கொடுத்தால் இருபத்தெட்டு நாளையும் திருத்தலாம், ஆனால் இனிமேல் ஒரு நாள்கூடத் திருத்த முடியாது, பலகை பலகைதான் என்றாள். "எழுதிக் குடுத்துடறேன்," என்று டீச்சர் அவசரமாகச் சொன்னாள். இப்போதே எழுதச் சொல்லி, கடைசி எழுத்துவரை பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுத்தான் எலியின் அம்மா வெளியே வந்தாள். நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

பலகை வாசலுக்குள் நுழைந்ததும் இடது பக்கம் இருந்தது. பெரியவர்களின் தோள் உயரத்தில் வரிசை வரிசையாக அட்டைகள். பல் விழுந்த சிரிப்புகள், படிய வாரிய தலைகள். மூன்றாவது வரிசை நடுவில் ஒரே ஒரு வெள்ளை முதுகு, அதில் எலியின் பெயர். அம்மாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. போன மாதம் ஒரு சாயங்காலம், தட்டின் முன்னால் உட்கார்ந்தபடி எலி சொன்னாள்: "அம்மா, எம்போட்டோ மட்டும் செவத்தப் பாத்துட்டு இருக்கு." தான் சொன்ன பதிலும் ஞாபகம் வந்தது. "சாப்பிடு மொதல்ல." மகள் சொன்னதை அவ்வளவுதான் காதில் வாங்கியிருந்தாள், ஏழு வாரத்தில்.

கை அட்டையை நோக்கிப் போனது. பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"நீங்க திருப்புங்க அண்ணி."

"எழுதிக் குடு."

"என்னத்த?"

"இப்பத் திருப்புன்னுவ, நாளைக்கு வேற சொல்லுவ. அட்டைல எழுது."

எலியின் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பவும் அறைக்குள் போனாள். டீச்சரின் சிவப்புப் பேனாவைக் கேட்காமலே கையிலிருந்து வாங்கி வந்தாள். அட்டையைக் கழற்றாமல், ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, 'அம்மா, அப்பா' என்பதற்குப் பக்கத்தில் 'அத்தை' என்று எழுதினாள். நாத்தனார் குனிந்து, ஊசியில் நூல் கோக்கும்போது பார்ப்பதுபோல் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"கோணலா இருக்கு."

"படிக்கத் தெரியுதுல்ல. போதும்."

நாத்தனார் அட்டையைத் திருப்பினாள். முன்பல் இல்லாத எலி சிரித்தாள். காவலாளி தன் ஸ்டூலிலிருந்தே குரல் கொடுத்தார், "ஒன்பது மணிக்கே எழுதி முடிச்சாச்சும்மா, இன்னிக்கு இனி அது கணக்குல வராது." இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பி முறைத்த முறைப்பில் அவர் கேட்டுக்கு வெளியே வேடிக்கை பார்க்கப் போய்விட்டார்.

உள்ளே விசில் சத்தம் கேட்டது. இடைவேளை. வகுப்புகள் வரிசையாகக் குழாயடிக்குப் போயின. மூன்றாவதாக வந்த வரிசையில் எலி, ஒரு பென்சிலைக் கடித்தபடி வந்தாள். பலகைக்கு நேராக வந்ததும் வரிசையை விட்டு நின்றாள். அம்மாவைப் பார்த்தாள், பக்கத்தில் அத்தையைப் பார்த்தாள், மேலே தன் முகத்தைப் பார்த்தாள். பென்சிலை வாயிலிருந்து எடுத்தாள்.

"அம்மா, இன்னிக்குப் புதன்கிழமையா?"

அம்மா கையிலிருந்த சிவப்புப் பேனாவை மூடினாள்.

"வியாழக்கிழமை," என்றாள் அத்தை. "லைன்ல போ."