வழக்கை வாபஸ் வாங்க வந்த எண்பது பேர்

என் அண்ணன் மித்காலுக்குக் கோபம் வந்தால் தெருவில் தக்காளி விற்கிறவன்கூட விலையைக் குறைத்துவிடுவான். நீதிமன்றம் எங்கள் வழக்கை ஏற்றுக்கொண்ட அன்று, வக்கீல் தமாராவின் ஆபீஸ் படிக்கட்டில் நின்று அவன் போட்ட சத்தத்தில் கீழே இருந்த மருந்துக் கடைக்காரர் ஷட்டரையே இறக்கிவிட்டார்.

"அந்த ஃபவ்வாஸ் மட்டும் என் கையில கெடைக்கட்டும்! அவன் மீசைய ஒவ்வொரு மயிரா புடுங்கி அவனுக்கே விப்பேன்!"

"பங்கு விலைக்கா விப்பீங்க?" என்றான் ஷஹாதே. எங்கள் பிஸ்கட் ஆலையில் இருபது வருஷமாக அடுப்படியில் நிற்கிறவன். "அப்ப ஒரு மயிருக்கு நாப்பது கிர்ஷ் சில்லறகூட தேறாதுண்ணே."

படிக்கட்டு முழுக்கச் சிரிப்பு. வயிறு எரிகிற சிரிப்பு. நாங்கள் நாற்பத்திரண்டு பேர், எல்லோரும் ஸர்க்கா பிஸ்கட் ஆலையில் வேலை பார்த்தவர்கள், பார்க்கிறவர்கள், செத்தவர்களின் பெண்டாட்டிகள். நான் பாக்கிங் பிரிவில் இருபத்தேழு வருஷம் இருந்தேன், கடைசி ஒன்பது வருஷம் மேற்பார்வை. ஒரு கெட்ட வருஷத்தில் போனசுக்குப் பதிலாகக் கம்பெனிப் பங்குகளைக் கொடுத்தார்கள். காகிதத்தைத் தின்னவா முடியும் என்று அன்றைக்குத் திட்டினோம். பிறகு அது பங்குச் சந்தையில் ஒரு தினாருக்குக் கொஞ்சம் மேலே போனதும் வாயை மூடிக்கொண்டோம்.

போன வருஷம் வளைகுடாவிலிருந்து ஒரு பெரிய கம்பெனி எங்கள் கம்பெனியை மொத்தமாக வாங்க வந்தது. பங்குக்கு மூன்று தினார் தருவதாகச் சொன்னார்கள். சந்தையில் விலை இரண்டரையைத் தொட்டது. என் பிரிவுப் பெண்கள் விற்றுவிடலாம் என்று கிளம்பினார்கள். நான்தான் தடுத்தேன். "ஏண்டி பறக்குறீங்க? ரெண்டு மாசம் பொறுத்தா முழுசா மூணு வரும்" என்றேன். அந்த நம்பிக்கையில் என் பணிக்கொடை முழுவதையும் போட்டு இன்னும் பங்கு வாங்கினேன். புத்திசாலி!

கையெழுத்துக்கு முதல் நாள் வாங்க வந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். ஏன் என்று சந்தைக்கு ஒரு கடிதமும் எழுதினார்கள். கம்பெனித் தலைவர் ஃபவ்வாஸ் ஒப்பந்தத்துக்கு வெளியே தனக்கென்று தனியாக ஒரு தொகை கேட்டார், தன் மகனுக்கு ஆயுள் முழுக்க ஒரு பதவியும் கேட்டார், இப்படிப்பட்டவரோடு எங்களுக்கு வியாபாரம் வேண்டாம் என்று. கல்லில் கட்டின பிஸ்கட் மூட்டை மாதிரி பங்கு விழுந்தது. ஃபவ்வாஸோ, எல்லாம் பொய், கடிதமே பொய் என்றான். எங்களுக்கு வந்த நஷ்டத்துக்குத்தான் அவன் மேல் வழக்கு.

இந்த மாதிரி வழக்கு நிற்க இத்தனை பங்கு சேர்ந்தாக வேண்டும் என்று ஒரு வரம்பு உண்டு. எங்களில் அதிகம் வைத்திருப்பவள் நான். என் பெயரை உருவினால் வழக்கு அன்றைக்கே படுத்துவிடும். அது எங்களுக்குத் தெரியும், ஃபவ்வாஸுக்கும் தெரியும்.

அந்தப் படிக்கட்டில் சிரிக்காமல் இருந்தவள் ஸப்ஹா ஒருத்திதான். என் பக்கத்து மேஜையில் பதினாறு வருஷம் டப்பா ஒட்டியவள். இரண்டரை தினாருக்கு விற்கப் பஸ் ஏறியவளைக் கையைப் பிடித்து இறக்கியவள் நான். இந்த ஒரு வருஷத்தில் அதைப் பற்றி அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியிருந்தால்கூடத் தேவலை.

அடுத்த வியாழக்கிழமை மித்கால் என் வீட்டுக்கு வந்தான். மீசை புடுங்கப் போன வீரன், வாசலில் செருப்பைக் கழற்றவே ஐந்து நிமிஷம் எடுத்துக்கொண்டான். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

"ஹாயில் பாஷா போன் பண்ணாரு" என்றான்.

ஹாயில் பாஷா ஓய்வு பெற்ற தளபதி. ஊரில் ஒரு கொலைச் சண்டை தீரணும் என்றாலும், ஒரு நல்ல குடும்பத்தில் பெண் கேட்கணும் என்றாலும், பேசி முடிக்கப் போகும் பெரியவர்கள் கூட்டத்துக்கு, அதாவது ஜாஹாவுக்கு, அவர்தான் முன்னால் நடப்பார்.

"நாளைக்குச் சாயங்காலம் அஸர் தொழுகை முடிஞ்சதும் ஜாஹா வருது. நம்ம வீட்டுக்கு. ஃபவ்வாஸ் விஷயமா."

"நம்ம வீட்டுக்கா, உன் வீட்டுக்கா?"

"என் வீட்டுக்குத்தான். ஆம்பளைங்க வர்ற எடம்."

"கேஸ் யார் பேர்ல இருக்கு?"

"ரிஹாப், கத்தாத."

"நான் கத்தலண்ணே. கத்தறதெல்லாம் நீதான் படிக்கட்டுல கத்தி முடிச்சிட்டியே. வராதேன்னு ஒரு வார்த்தை சொல்ல முடியலயா?"

"பாஷாவையா? என் வீட்டுக்கு வரேன்னு சொல்ற மனுஷன வராதேன்னு சொல்ல நான் என்ன நாயா?"

அது மாதிரி வந்து உட்கார்ந்துவிட்டால் முடிந்தது கதை. ஜாஹாவின் தலைவர் காபிக் கோப்பையை வாங்குவார், குடிக்காமல் கீழே வைப்பார், வந்த காரியத்தைச் சொல்வார். வீட்டுக்காரன் 'காபியக் குடிங்க, கேட்டது உங்களுக்குக் கெடைச்சாச்சு' என்பான். குடிக்காமல் அனுப்புகிற வீட்டை ஊர் ஏழு தலைமுறைக்குத் திட்டும். என் அண்ணன் ஊரே புகழ வாழ ஆசைப்பட்டவன். என் இருபத்தேழு வருஷம் ஒரு வாய்க் காபியில் போகப் போகிறது.

வெள்ளிக்கிழமை மித்கால் வீட்டு முன்னால் பந்தல், வாடகை நாற்காலிகள். நானும் ஸப்ஹாவும் இன்னும் நாலு பாக்கிங் பெண்களும் அடுப்படியில் ஏலக்காய் தட்டிக்கொண்டிருந்தோம். எதிரிக்குக் காபி போட எங்கள் கையே வேண்டியிருந்தது, பாருங்கள். ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தேன். எண்பது ஆட்களுக்குக் குறையாது. முன்னால் பாஷா, அவர் பக்கத்தில் சவரம் செய்த பளபளப்போடு ஃபவ்வாஸ், அவனுக்குப் பின்னால் அவனுடைய அக்கா மகன், வக்கீல். கார்களின் டிக்கியில் குனாஃபா தட்டுகள் தெரிந்தன. இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை, இனிப்பு வாங்கிக்கொண்டே வந்துவிட்டான்!

மூன்றாம் வரிசையைப் பார்த்தேன். ஷஹாதே உட்கார்ந்திருந்தான். அவன் பக்கத்தில் மாவு பிசையும் அபூ கஸ்வான். அவனுக்கு அந்தப் பக்கம் லாரி ஓட்டும் நாயிஃப். எண்ணிப் பார்த்தேன். வழக்குப் போட்டவர்களில் பதினேழு பேர் வழக்கை வாபஸ் வாங்கச் சொல்லும் ஜாஹாவில் உட்கார்ந்திருந்தார்கள்.

கை கழுவும் சாக்கில் பின்பக்கம் வந்த ஷஹாதேயைப் பிடித்துக்கொண்டேன்.

"வெக்கமா இல்லயாடா?"

"என்னக்கா பண்றது? பாஷாவோட ஆளு வந்து, ஜாஹாவுல நீயும் நிக்கணும்னான். நிக்க மாட்டேன்னு எப்படி சொல்றது?"

"அவன மன்னிக்கச் சொல்லி உன்கிட்டயே கேக்க வந்திருக்க!"

"மனசுக்குள்ள நான் உங்க பக்கந்தாங்கா."

"மனசுக்குள்ள இருந்தா போதும், போ. குனாஃபாவும் மனசுக்குள்ளயே தின்னு."

மித்கால் முதல் கோப்பையை ஊற்றி இரண்டு கையாலும் பாஷாவிடம் நீட்டினான். அவர் வாங்கிக் கீழே வைத்தார். எண்பது பேரும் கீழே வைத்தார்கள். பாஷாவுக்கு நல்ல குரல். எங்கள் குடும்பத்தின் விருந்தோம்பலைப் புகழ்ந்தார், செத்துப்போன எங்கள் அப்பாவைப் புகழ்ந்தார். பிறகு, "வியாபாரத்துல ஒரு தப்பபிப்பிராயம் வந்துருச்சு. வீட்டு விஷயத்த கோர்ட்டுக்குக் கொண்டு போறது நமக்கு அழகில்ல. தங்கச்சி ரிஹாப் அவங்க பேர எடுத்துக்கணும். அதுதான் எங்க வேண்டுகோள். உங்க காபி எங்க முன்னாடி இருக்கு" என்றார்.

மித்கால் தொண்டையைக் கனைத்தான். அந்தக் கனைப்பு எனக்குத் தெரியும். வார்த்தை வருவதற்கு இரண்டு நொடி முன்னால் வருவது.

நான் திரையைத் தள்ளிக்கொண்டு பந்தலுக்குள் போய்விட்டேன்.

"பாஷா, அண்ணன் பேசறதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம்" என்றேன். "இது என்ன ஜாஹா? பொண்ணு கேக்க வந்திருந்தா முன்னாடியே சொல்லியிருக்கலாம். எனக்கு அம்பத்தொம்பது வயசு, பல்லு ரெண்டு இல்ல. ஆனாலும் யோசிக்கலாம்."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தான். மித்கால் முகம் வெந்துபோயிற்று. பாஷா சிரிக்கவில்லை, ஆனால் கோபிக்கவும் இல்லை. "சமாதானத்துக்கு வந்த ஜாஹாம்மா" என்றார்.

"அப்ப தப்பு நடந்திருக்கு. சமாதான ஜாஹா வந்தா, தப்ப தலைமேல ஏத்துக்கிட்டுத்தான வரணும்? எங்கப்பா காலத்துலேர்ந்து அதான வழக்கம்? என்ன தப்புன்னு அவரு வாயால சொல்லட்டும். சொன்னா காபியக் குடிங்க."

பாஷா மெதுவாக ஃபவ்வாஸ் பக்கம் திரும்பினார். "தங்கச்சி கேக்கறது நியாயம். சொல்லுப்பா."

அக்கா மகன் வக்கீல் ஃபவ்வாஸின் சட்டைக் கையை இழுத்தான். "மாமா, ஒண்ணும் பேசாதீங்க."

"தப்புன்னு பெருசா எதுவும் இல்ல பாஷா" என்றான் ஃபவ்வாஸ். "சின்ன விஷயம்."

"தப்பே இல்லாதவனுக்கு என்ன எதுக்கு முன்னாடி நடக்க வெச்ச?" பாஷாவின் குரல் ஒரு படி இறங்கியது. பட்டாளத்தில் அந்தக் குரலுக்கு ஆட்கள் ஓடியிருப்பார்கள். "என் தாடிய வாடகைக்கு எடுத்தியா?"

"அவருக்குச் சொல்ல வாய் வராது பாஷா" என்றேன். "அவங்கப்பா இருந்தா சொல்லியிருப்பாரு. அந்த மனுஷன் எங்ககூட நின்னு மாவு சலிச்சவரு."

அது அவனைச் சுட்டுவிட்டது. எழுந்து நின்றான். வக்கீல் பையன் இழுத்த கையை உதறினான்.

"எங்கப்பன் பேர நீ எடுக்காத! எங்கப்பன் கட்டின கம்பெனி அது! வெளியூர்க்காரன் வந்து அதுக்கு விலை பேசினா, எனக்குன்னு ஒரு தொகை கேக்கக் கூடாதா? என் மகனுக்குன்னு ஒரு நாற்காலி கேக்கக் கூடாதா? கேட்டேன்! ஆமா, கேட்டேன்! டப்பா ஒட்டினவங்களும் மாவு பெசஞ்சவங்களும் என்ன கேள்வி கேப்பீங்களா?"

அக்கா மகன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். வக்கீல் தமாரா மூன்று மாதமாகத் தேடிய சாட்சி எண்பது தலைகளாக அங்கே உட்கார்ந்திருந்தது, அதுவும் அவனே கார் அனுப்பிக் கூட்டி வந்த சாட்சி. மாவு பிசையும் அபூ கஸ்வான் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காது சிவந்திருந்தது.

எனக்குள் ஒரு குதிப்பு எழுந்தது. ஆனால் பாஷா என்னை விடவில்லை. அவருக்கு வழக்கம் என்னைவிட நன்றாகத் தெரியும்.

"தங்கச்சி" என்றார் களைப்பாக. "அசிங்கமாத்தான் சொன்னான். ஆனா சொல்லிட்டான். தப்பு சபையில வந்துருச்சு. இனி மன்னிக்க வேண்டியது வீட்டுக்காரங்க கடமை."

உண்மைதான். ஆத்திரத்தில் நான் அதை யோசிக்கவே இல்லை. அவனைச் சொல்ல வைத்தவள், கேட்டபின் கொடுத்தாக வேண்டும். மித்கால் என்னையே பார்த்தான். அவன் கண்ணில் கெஞ்சல் இருந்தது. அண்ணன் இப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

"சரி பாஷா" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. "எனக்குச் செஞ்சத நான் விட்டுட்டேன். ஆனா இன்னும் நாப்பத்தோரு பேருக்குச் செஞ்சிருக்கான். அத விட்டுக்கொடுக்க நான் யாரு? ஒவ்வொரு வீட்டுக்கும் போய் உட்காருங்க, காபிய கீழ வைங்க, இதே பேச்ச அவன் பேசட்டும். நாப்பத்தோரு வீடும் குடிங்கன்னு சொன்னா மறுநாளே என் பேர எடுத்துடறேன்."

பாஷா ஃபவ்வாஸை ஒரு தரம் பார்த்தார். தான் எத்தனை வீட்டில் இவனோடு உட்கார வேண்டும் என்று நினைத்திருப்பார். பிறகு, "மொத வீடு எது?" என்றார்.

"வீட்டுக்குப் போக வேண்டாம். உள்ள இருக்கா. ஸப்ஹா!"

ஸப்ஹா மேலங்கியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். ஆண்கள் கூட்டத்துக்கு நடுவில் அவள் நின்றதே இல்லை. பாஷா அவளுக்காக எழுந்து நின்றார், மற்றவர்களும் எழுந்தார்கள். அவர் கேட்க வேண்டியதைக் கேட்டார். அவள் நிமிர்ந்து பார்க்காமல் கேட்டுக்கொண்டாள்.

"எம் பொண்ணுக்கு மேல ஒரு மாடி கட்டலாம்னு இருந்தேன்" என்றாள். "கம்பிய மேல நீட்டி விட்டாச்சு. கட்டலேன்னதும் மாப்பிள்ள வீட்டுல வேணாம்னு போயிட்டாங்க. அவ இப்ப யார்கிட்டயும் பேசறதில்ல." கொஞ்சம் நின்றாள். "நான் விடல, பாஷா."

குனிந்து ஃபவ்வாஸின் முன்னால் இருந்த கோப்பையை எடுத்தாள். ததும்பாமல் எடுத்தாள், பதினாறு வருஷம் டப்பா ஒட்டிய கை. மித்கால் "அம்மா, வேண்டாம்மா" என்றான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

கோப்பையோடு என் பக்கம் வந்தாள். பெண்ணின் சம்பந்தம் முறிந்தது எனக்குத் தெரியாது. ஒரு வருஷமாக அவள் பேசாததை நான் அவளுடைய நல்ல குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நினைத்துக்கொள்ள வசதியாக இருந்தது.

"உன்னையும் இன்னும் விடல, ரிஹாப்" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "பஸ்ஸுலேர்ந்து எறக்கினவ நீதான. ஆனா ஞாயித்துக்கெழம கோர்ட்டுக்கு உங்கூட வருவேன். எத்தன மணிக்குப் பஸ்ஸு?"

எண்பது ஆண்களுக்கு முன்னால் நாக்கு நீண்டவள் நான். அவள் கையிலிருந்த கோப்பையை வாங்கிக்கொண்டேன்.

"எட்டு மணிக்கு" என்றேன்.