ஐந்தாவது அட்டைப்பெட்டி

துபாய் சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பில் யார் லீவில் ஊருக்குப் போனாலும், பெட்டி கட்டக் கார்மேகத்தைத்தான் கூப்பிடுவார்கள். மளிகைக் கடையிலிருந்து வாங்கி வந்த பால்மாவு அட்டைப்பெட்டியை முழங்காலால் அழுத்தி, நைலான் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்து, ஆறு பக்கமும் பெயரும் ஊரும் எழுதிக் கொடுப்பார். எப்படிக் கவிழ்ந்து வந்தாலும் திருச்சி விமான நிலையத்தில் பெயர் கண்ணில் படவேண்டும் என்பது அவர் முறை. கான்கிரீட்டுக்குப் பலகை அடைக்கும் ஷட்டரிங் கார்பெண்டராக இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவருக்கு எதையும் அளந்து செய்துதான் பழக்கம்.

ஆகவே தமிழ்ச் சங்கத்து ராதா, ஆண்டு மலருக்கு எழுத ஆள் தேடிக் கேம்ப்புக்கு வந்தபோது, அறையிலிருந்த எட்டுப் பேரும் அவரைத்தான் காட்டினார்கள்.

"கட்டுரை மாதிரி வேணாம்ணா. உங்க வாழ்க்கையில மறக்க முடியாத அஞ்சு சம்பவம். சம்பவத்துக்கு ஒரு பக்கம். ஆனா அஞ்சையும் ஏதோ ஒண்ணு சேத்துப் புடிக்கணும்."

"அட்டைப்பெட்டி" என்றார் கார்மேகம், யோசிக்காமல்.

வாரத்துக்கு ஒன்றாக நான்கு எழுதினார். காலை பஸ்ஸில் மனசுக்குள் கோர்த்து, சாயங்காலம் கட்டிலில் உட்கார்ந்து கோடு போட்ட நோட்டில் இறக்குவார். மேலே வலது ஓரம் வருஷம், இடது ஓரம் எண். முதலாவது, முதல் லீவில் அவருடைய பெட்டி விமான நிலைய பெல்ட்டில் வாய் பிளந்து, மகள் சந்தியாவுக்கு வாங்கிய பொம்மை மட்டும் தனியாகச் சுற்றிச் சுற்றி வந்தது. இரண்டாவது, மாரடைப்பில் இறந்துபோன அறை நண்பர் கௌஸ் முகம்மதுவின் சாமான்களை ஹைதராபாத்துக்கு அனுப்பக் கட்டியது. கட்டி முடித்த பிறகு உள்ளே அலாரம் அடித்தது. யாருக்கும் பிரிக்க மனசு வரவில்லை. அது தானாக நிற்கும்வரை எட்டுப் பேரும் நின்றார்கள். மூன்றாவது, கொரோனாவில் விமானம் நின்றுபோய்ப் பதினொரு மாதம் கட்டிலுக்கு அடியில் கிடந்த பெட்டி. நான்காவது, சந்தியா கல்லூரிக்குப் போனபோது கம்பளிக்குள் சுற்றி அனுப்பிய லேப்டாப்.

ராதா படித்துவிட்டு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினாள். "ரொம்ப நல்லா இருக்குண்ணா. ஆனா நாலுலயும் நீங்கதான் நல்லவரா இருக்கீங்க. அஞ்சாவது அப்படி இல்லாம ஒண்ணு இருந்தாப் பாருங்களேன்."

அப்படி ஒன்று இருந்தது. ஒன்பது வருஷமாக இருந்தது.

2016-இல், அப்போது அதே அறையில் இருந்த பாலமுரளி லீவில் போனபோது இரண்டு சின்னப் பெட்டிகளைக் கொண்டுபோனான். ஒன்று கார்மேகம் தன் வீட்டுக்குக் கமுதிக்குக் கொடுத்தது. மற்றது, எதிர்க் கட்டில் பாண்டித்துரை பரமக்குடிப் பக்கம் தன் மனைவி வடிவுக்குக் கொடுத்தது. இரண்டும் ஒரே அளவு, ஒரே கயிறு. கார்மேகம் முதலில் கட்டிவிட்டு அப்புறம்தான் பெயர் எழுதுவார். அன்றைக்கு டூட்டி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. பெயரை மாற்றி எழுதிவிட்டார்.

நாலாம் நாள் அவர் மனைவி நாகவள்ளி போனில் வந்தாள். "இந்த மஞ்சச் சீலை நீங்களா எடுத்தீக? இம்புட்டு நாள்ல எனக்குன்னு பாத்து எடுத்தது இதுதேன்." குரலில் அப்படி ஒரு சிரிப்பு. அவர் அனுப்பியது இரண்டு துண்டு, ஒரு டார்ச்லைட், கோடாலித் தைலம். விஷயம் புரிய அரை நிமிஷம் ஆயிற்று. அதற்குள் வாய், "ஆமா, நான்தான் எடுத்தேன்" என்று சொல்லிவிட்டது.

அன்று சாயங்காலமே பாண்டித்துரை குதித்தான். வடிவுக்குத் துண்டும் தைலமும் போயிருக்கிறது. சேலையும் சென்ட்டும் பாலமுரளிதான் எடுத்திருக்க வேண்டும் என்றான். பெட்டி மாறியிருக்குமோ என்று ஒருவரும் நினைக்கவில்லை. எழுதியவர் கார்மேகம் ஆயிற்றே. "உங்க வீட்டுக்கு ஒழுங்கா வந்துச்சாண்ணே?" என்று பாண்டித்துரை கேட்டதற்கு, "வந்துச்சு" என்றார்.

லீவு முடிந்து வந்த பாலமுரளி ஒரு வாரம் தாங்கினான். பிறகு கம்பெனியில் கேட்டு அல் கூஸ் கேம்ப்புக்கு மாறிக்கொண்டான். போகும்போது கார்மேகம் அவன் தோளில் கை வைத்து, "நீ எடுக்க மாட்டேன்னு நான் நம்புறேன்டா" என்றார். அதிலிருந்து அவன் பண்டிகைக்குப் பண்டிகை அவருக்கு மட்டும் போன் செய்வான்.

ஐந்தாவது ஒரே மூச்சில் வந்தது. தேதி, கயிறு, ஹாரன், போனில் சொன்னது, பாண்டித்துரையிடம் சொன்னது, எதையும் விடவில்லை. ஆட்களை மட்டும் 'ஒரு நண்பர்', 'இன்னொரு நண்பர்' என்று எழுதினார். அச்சுக்குப் போகுமுன் இரண்டு பேரும் தன் வாயிலிருந்தே கேட்கவேண்டும் என்று முடிவு செய்து, விடுமுறை நாளில் பாலமுரளியை அறைக்கு வரச் சொன்னார். மற்றவர்களை மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட்டார்.

பாலமுரளி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பாண்டித்துரை தன் சூட்கேஸை இழுத்துப் பூட்டினான். "விருந்தாளி வர்றாப்ல. நாமதேன் சாக்கிரதையா இருக்கணும்."

"பூட்டுறதுக்கு உள்ள என்னத்த வச்சிருக்க, ஓட்ட பனியனா?" என்றான் பாலமுரளி.

"ரெண்டு பேரும் உக்காருங்க. படிச்சு முடிக்கிற வரைக்கும் பேசக் கூடாது" என்றார் கார்மேகம்.

நிதானமாகப் படித்தார். படித்து முடித்து நோட்டை மடியில் வைத்தார்.

"மஞ்சச் சீலை" என்றான் பாண்டித்துரை. "பச்சக் கரை போட்டது. தேரா கடையில ரெண்டு மணி நேரம் நின்னு எடுத்தேன். அது உங்க வீட்லயா இருக்கு?"

"இருக்கு."

"வடிவு ரெண்டு மாசம் எங்கூடப் பேசல. எவளுக்கு எடுத்துக் குடுத்துட்டு எனக்குத் துண்டு அனுப்புனன்னு கேட்டா."

பாலமுரளி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அவ எங்க ஆத்தாகிட்டயும் வந்து கேட்டா. ஆத்தா பீரோவத் தெறந்து, அரிசிப் பானை வரைக்கும் கொட்டிக் காமிச்சுச்சு." பிறகு தலையைத் தூக்கிக் கார்மேகத்தைப் பார்த்தான். "நம்புறேன்னு சொன்னீகளேண்ணே. அத வச்சுத்தேன் நான் இந்த ஊர்ல தாக்குப் புடிச்சேன். நீங்க நம்பல. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

கார்மேகம் நோட்டை மூடினார். "ஆமாடா" என்றார்.

பாண்டித்துரை எழுந்து, பூட்டிய சூட்கேஸைத் திறந்தான். அதை அப்படியே திறந்துபோட்டுவிட்டுப் பாலமுரளியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "எனக்கு எப்படிப் பேசுறதுன்னு தெரியலடா. ஆத்தாகிட்ட நானே பேசுறேன். இன்னிக்கே பேசுறேன்."

"பேசு. ஆத்தா வையும், வாங்கிக்க."

"வாங்கிக்கிறேன்."

பாலமுரளி நோட்டுக்குக் கை நீட்டினான். பக்கத்தைப் புரட்டி, விரல் வைத்துத் தானே ஒரு தரம் படித்தான். "இது என்ன, 'ஒரு நண்பர்'?"

"பேரு போட்டா உனக்குச் சங்கடமா இருக்கும்னு..."

"களவாணின்னு சொன்னப்ப பேரச் சொல்லித்தானண்ணே சொன்னாக. இப்ப மட்டும் எதுக்குப் பேரு இல்லாம? பாலமுரளின்னு போடுங்க. ஊரும் போடுங்க."

கார்மேகம் பேனாவை எடுத்தார். அடித்து எழுதுவது அவருக்குப் பிடிக்காத காரியம். நோட்டில் எங்கும் ஓர் அடித்தல் கிடையாது. 'ஒரு நண்பர்' வந்த ஏழு இடத்திலும் அடித்து, மேலே பாலமுரளி என்று எழுதினார். "என் பேரையும் போடுங்க. பச்சக் கரையும் சேத்துக்கங்க" என்றான் பாண்டித்துரை. அதையும் எழுதினார். சுத்தமாக இருந்த பக்கம் அடித்தலும் நுழைத்தலுமாக ஆனது. மறுபடி படித்துப் பார்த்தார். முன்னைவிட நன்றாக இருப்பதாகவே பட்டது.

பாலமுரளி போனை எடுத்துப் பக்கத்தைப் படம் பிடித்தான். "மலரு எப்ப வரும்?"

"ரெண்டு மாசம் ஆகும்."

"ஆத்தாவுக்கு எழுவது வயசு. அதுவரைக்கும் எதுக்கு? நம்ம ராம்நாடு குரூப்புல போடுறேன். ஊர்ல எல்லா வீட்லயும் பாப்பாக."

அந்தக் குரூப்பில் கமுதியிலிருந்து நாகவள்ளியும் இருந்தாள். கார்மேகம் அவன் கையைப் பிடித்தார்.

"தடுக்காதீகண்ணே."

"தடுக்கலடா. நீ போடணும். அஞ்சு நிமிசம் மட்டும் பொறு. அவ இத குரூப்புல பாத்துத் தெரிஞ்சுக்கக் கூடாது."

பாலமுரளி யோசித்தான். போனைக் கட்டிலில் கவிழ்த்து வைத்தான். "அஞ்சு நிமிசந்தேன்."

கார்மேகம் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு வீட்டுக்கு அடித்தார். மூன்றாவது மணியில் நாகவள்ளி எடுத்தாள்.

"என்ன, இந்நேரத்துல? சமையல் இல்லயா இன்னிக்கு?"

"அடுப்ப அமத்திட்டு வந்து உக்காரு, நாகு" என்றார். "ஒண்ணு எழுதிருக்கேன். முழுசாக் கேட்டுட்டு, அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் வையி."

அவள் வந்து உட்காரும் சத்தம் கேட்டது. தேதியிலிருந்து படிக்கத் தொடங்கினார்.