பஸ் திரும்பும் இடம்

அரூரிலிருந்து பதினான்காம் நம்பர் டவுன் பஸ் கிளம்பியபோது மணி ஒன்பதே முக்கால். உள்ளே நான்கே பேர். டிரைவர் முனிராஜ், கண்டக்டர், போக்குவரத்துக் கழகக் கிளையிலிருந்து வந்த செக்கிங் இன்ஸ்பெக்டர் வெங்கடாசலம், கேமராவோடு ஆக்சிலியா.

பதின்மூன்று மாதத்துக்குப் பிறகு புங்கங்குட்டைக்கு பஸ் போகிறது. புயல் மழையில் ஓடைப் பாலம் அடித்துக்கொண்டு போன அன்று நின்ற பஸ். இப்போது புதுப் பாலம் வந்துவிட்டது. இன்று சோதனை ஓட்டம்.

ஆக்சிலியாவால் ஒரு சீட்டில் உட்கார முடியவில்லை. இடது ஜன்னலுக்கு ஓடினாள். வலது ஜன்னலுக்கு ஓடினாள். ஸ்கூட்டரில் வந்தபோது தெரியாத வயல்களெல்லாம் பஸ் உயரத்தில் தெரிந்தன. சாய்ந்து கிடந்த தென்னந்தோப்பில் புதுக்கன்றுகள் இடுப்பளவு நின்றன. புயலில் மண்மூடிப்போன கிணறு ஒன்றில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"சீட்டெல்லாம் காலி. ஒண்ணுல உக்காரும்மா," என்றார் வெங்கடாசலம்.

"உக்காந்தா பாதி போயிடுங்க சார்."

அவள் தர்மபுரியில் கல்யாணம், காதுகுத்து, சர்ச்சில் புதுநன்மை என்று படம் எடுப்பவள். புயலுக்கு மூன்றாம் நாள், அரிசி கொடுக்கப் போனவர்களோடு புங்கங்குட்டைக்கு வந்தாள். முழங்கால் சேற்றில் நின்று விழுந்த சுவர்களை எடுத்தாள். வார்டு மெம்பர் தீர்த்தம்மாள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"உழுந்தத எடுக்க ஓடியாந்துட்ட. எந்திரிக்கறத எடுக்க எவ வருவா?"

"நான் வரேங்க்கா."

"வருவ, வருவ."

வந்தாள். மாதம் ஒரு ஞாயிறு, காலைப் பூசை முடிந்ததும் ஸ்கூட்டரை எடுத்தாள். பாலம் இல்லாத ஓடையை மண்பாதையில் இறங்கிக் கடந்தாள். ஏரிக்கரை, பள்ளிக்கூடம், பாலம், ஊர்முனை. ஒவ்வொன்றிலும் அதே இடத்தில் நின்று அதே பக்கம் பார்த்து ஒரு படம். நாலாவது மாதம் தீர்த்தம்மாள் களி போட்டாள். ஆறாவது மாதம் திட்ட ஆரம்பித்தாள். தான் வீட்டு மனுஷி ஆகிவிட்டதாக ஆக்சிலியா புரிந்துகொண்டாள்.

அந்தத் தீர்த்தம்மாள்தான் பஸ்ஸுக்காக அலைந்தவள். திங்கட்கிழமை தோறும் கலெக்டர் ஆபீஸ். பதினெட்டு மனு. "பஸ்ஸ கொண்டாராம வுட மாட்டேன்" என்று ஊர் நடுவில் நின்று சொல்லியிருந்தாள். ஊர்ப் பிள்ளைகள் மூன்று கிலோமீட்டர் நடந்து மெயின் ரோட்டில் பஸ் பிடித்தார்கள். பிரசவ வலி வந்தவளை ஒருமுறை டிராக்டரில் ஏற்றினார்கள்.

"இன்னிக்கு எல்லாம் சரியா இருந்தா மதியத்துலருந்தே வண்டி புங்கங்குட்டைக்கு," என்றார் வெங்கடாசலம். "இல்லன்னா கரடிப்பாறைக்கே. பாலம் போனதுலருந்து இது அங்கதான ஓடுது. அந்த ஊர்க்காரங்க வண்டிய வுட மாட்டோம்னு நிக்கறாங்க. ஒரு குறை எழுதினேன்னா முடிஞ்சுது. அடுத்த ட்ரையல் எல்லாம் கெடையாது."

"என்ன குறைங்க சார் வரப்போகுது? அந்தப் பாலத்துல ஜல்லி லாரியே போகுது."

"பாலத்த இன்ஜினீயர் பாத்துட்டாரு. நான் பாக்கறது ஊர்முனை. வண்டி முப்பத்தஞ்சு அடி. திரும்பணும். முன்னாடி, பின்னாடி, முன்னாடி. மூணுல திரும்பலைன்னா எடம் பத்தலைன்னு எழுதுவேன்."

ஆக்சிலியா உட்கார்ந்தாள்.

ஊர்முனை. கண்ணை மூடினாலே அவளுக்குத் தெரியும். போனில் படங்களைத் தள்ளிப் பார்த்தாள். முதல் மாதம் வெறும் சேறு. மூன்றாம் மாதம் கோவிந்தனின் முதல் லோடு செங்கல். இடிந்த வீட்டை எடுத்துக் கட்டப் போகிறேன் என்று அவர் அதன்மேல் ஏறி இடுப்பில் கைவைத்து நின்றார். அவள் கைதட்டினாள். ஏழாம் மாதம் இன்னும் இரண்டு லோடு. கைதட்டினாள். போன ஞாயிறு, கொள்ளு அறுத்துக் கொண்டுவந்து நட்டநடுவில் போட்ட போர், ஆள் உயரம். புயலுக்குப் பிறகு முதல் விளைச்சல். அதற்கு அவள் விசில் கூட அடித்திருந்தாள்.

பஸ் வராத ஊரில் அது பஸ் திரும்பும் இடம் என்பது யாருக்கும் நினைவில்லை. அவளுக்கும்.

தீர்த்தம்மாளுக்குப் போன் போட்டாள். மணி அடித்து நின்றது. மறுபடி. மூன்றாவது தடவை அக்கா எடுத்தாள்.

"அக்கா! ஊர்முனைல..."

"ஆ? யாரு? பாட்டு ஓடுது, ஒண்ணும் கேக்கல! பஸ்ஸுக்கு மாலையெல்லாம் ரெடி, நீ வா!"

கட் ஆனது.

ஆக்சிலியா எழுந்து முன்னால் போனாள். இன்ஜின் பெட்டி மேல் குனிந்து முனிராஜிடம் போனைக் காட்டினாள். அவர் ஒரு கண்ணால் பார்த்தார்.

"அடக் கடவுளே. இத்தன கல்லா?"

"போன் கேக்க மாட்டேங்குதுண்ணா. பாட்டுப் போட்டுக்கினு இருக்காங்க."

"ஒம்பது வருஷம் அந்த ஊருக்கு ஓட்டினேன் பாப்பா. மோர் குடுக்காம அனுப்ப மாட்டாங்க. கரடிப்பாறைல தண்ணி கேட்டா கொழாயப் பாத்து கையக் காட்டுவான்." மெதுவாகச் சொன்னார். "எவ்ளோ நேரம் வேணும்?"

"தெரியலையே."

"நீ போட்டோ எடுக்கற எடமெல்லாம் சொல்லு. நிறுத்திடறேன்."

பாட்டு. அந்தச் சொல் அவளுக்குள் பளிச்சென்றது. புங்கங்குட்டையில் என்ன விசேஷமானாலும் மைக் செட் அருண்குமார்தான். எத்தனை கல்யாணத்தில் அவன் பாட்டை நிறுத்தச் சொல்லி அவள் சண்டை போட்டிருப்பாள். போட்டாள் போன். ஆர்டர் ஏதாவது வரும் என்று அவன் எப்போதும் எடுப்பான்.

"சொல்லு ஆக்சி."

"பாட்ட நிறுத்து. மைக்க எடு. நான் சொல்றத சொல்லு."

ஏரிக்கரையில் பஸ் நின்றது.

"ஏன்யா நிறுத்தற?"

"போட்டோ எடுக்கணுமாங்க சார். மேல அனுப்பற ரிப்போர்ட்டோட வெச்சா நல்லா இருக்கும்ல."

வெங்கடாசலம் யோசித்தார். பாக்கெட்டிலிருந்து சீப்பை எடுத்தார்.

உடைந்து ஊரைக் கலக்கிய கரை அது. இப்போது கல் அடுக்கி உயர்த்தியிருந்தார்கள். ஆக்சிலியா அவரைக் கரைமேல் நிற்க வைத்தாள். பைலைப் பிடிக்கச் சொன்னாள். பைலைக் கீழே வைக்கச் சொன்னாள். வெயில் கண்ணில் அடிக்கிறது என்று இந்தப் பக்கம் திருப்பினாள். தண்ணீர் தெரியவில்லை என்று அந்தப் பக்கம் திருப்பினாள்.

"கல்யாண மாப்பிள்ளைய கூட இவ்ளோ படுத்த மாட்டாங்கம்மா."

"அவங்களுக்கு ரிப்போர்ட் இல்லீங்களே சார்."

பள்ளிக்கூடத்தில் வெள்ளம் நின்ற சுவருக்கு மஞ்சள் பெயின்ட் அடித்திருந்தது. அங்கே ஐந்து நிமிஷம். பாலத்தில் பஸ்ஸை ஒருமுறை முன்னால் விட்டு, பின்னால் எடுத்து, மறுபடி முன்னால் விட்டார்கள். கண்டக்டருக்கும் விஷயம் எட்டியிருந்தது. கைப்பிடிச் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். "ஸ்ட்ராங்கு, சார். இங்கயும் பாருங்க, ஸ்ட்ராங்கு."

அப்போதுதான் வயல்களுக்கு மேலே காற்றில் மைக் வந்தது.

"அன்பார்ந்த புங்கங்குட்டை பொதுமக்களே! பஸ் திரும்ப எடமில்ல! கோவிந்தன் மாமா செங்கல்..."

முனிராஜ் ஹாரனை அழுத்தினார். நீளமாக.

"ஏன்யா அடிக்கற? எதிர்ல ஒருத்தரும் இல்லையே?"

"ஆடுங்க சார்."

"எங்க?"

"போயிடுச்சுங்க."

மைக் மறுபடி எழுந்தது. "வரிசையா நில்லுங்க! கை மாத்தி..." ஹாரன். "கொள்ளுப் போர என்ன பண்றது?" ஹாரன். வெங்கடாசலம் காதைப் பொத்திக்கொண்டார். ஆக்சிலியா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள்.

"போதும். ஏறுங்க," என்றார் வெங்கடாசலம். "மணி பதினொண்ணு ஆகப் போவுது."

இனி நிறுத்த இடமில்லை. முனிராஜ் இரண்டாவது கியரிலேயே போனார். சைக்கிள் ஒன்று பஸ்ஸை முந்திக்கொண்டு போனது.

புங்கங்குட்டை வந்தது. ஊரே நின்றது. மாலை, ஆரத்தி, பூசணிக்காய். எல்லோருக்கும் மூச்சு வாங்கியது.

செங்கல் போன இடம் தெரிந்தது. இரண்டு ஓரத்திலும் வரிசையாக இடுப்பளவு அடுக்கி, ஒரு வரிசையின்மேல் கோவிந்தன் வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார். நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள் கை மாற்றினால் செங்கல் பறக்கும். ஆனால் கொள்ளுப் போரை எங்கே கொண்டுபோவது? கொண்டுபோகவில்லை. பிரித்து இடம் முழுக்க முழங்கால் உயரத்துக்குப் பரப்பியிருந்தார்கள்.

வெங்கடாசலம் இறங்கினார். "இது என்ன?"

"கொள்ளுங்க," என்றாள் தீர்த்தம்மாள்.

"அது தெரியுது. பஸ் திரும்பற எடத்துல ஏன் போட்டீங்க?"

"பஸ் வருதுன்னுதாங்க போட்டோம். சும்மா திரும்பிட்டுப் போறதுக்கு, கொஞ்சம் நெத்து அடிச்சுக் குடுத்துட்டுப் போவட்டுமே."

பின்னாலிருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்தினார்கள்.

"சக்கரம் வழுக்கும்."

"வழுக்காதுங்க சார்," என்றார் முனிராஜ். "தை மாசம் பொறந்தா இந்த ரோடெல்லாம் கொள்ளுதான். இதுமேல ஓட்டித்தான் நான் லைசென்சே எடுத்தேன்."

வெங்கடாசலம் சுற்றிலும் பார்த்தார். "அது சரி. எல்லார் கையும் ஏன் செவப்பா இருக்குது?"

பெண்கள் கைகளை முந்தானைக்குள் இழுத்தார்கள்.

"மருதாணிங்க," என்றாள் முன்வரிசையில் நின்ற சசிகலா. "பஸ் வருதுன்னு வெச்சோம்."

"அவருக்குமா?"

கோவிந்தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

வெங்கடாசலம் பேனாவைத் திறந்தார். மூடினார். "மூணு. அதுக்கு மேல ஒண்ணு போனாலும் எழுதிடுவேன். எடு வண்டிய."

ஆக்சிலியா வழக்கமான இடத்துக்கு ஓடினாள். பஸ் படத்துக்குள் அடங்கவில்லை. பின்னால் நான்கு எட்டு வைத்தாள். பதின்மூன்று மாதத்தில் முதல் தடவை.

முன்னால். பஸ் கொள்ளுமேல் ஏறியது. நெற்றுகள் வெடித்தன. சோளம் பொரிகிற சத்தம். மூக்கு கோவிந்தனின் கல்லுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. கோவிந்தன் அசையவில்லை. கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்.

பின்னால். கண்டக்டர் விசிலைக் கடித்துக்கொண்டு பின்புறத்தைத் தட்டினார். "வா, வா, வா, இன்னும் வா, ஒடி, ஒடி... நிக்கட்டும்!" வேப்பமரத்தில் இலை உதிர்ந்தது. அவ்வளவுதான் இடைவெளி.

முன்னால். முனிராஜ் முழுதும் ஒடித்தார். ஸ்டியரிங் முனகியது. பஸ் வளைந்தது. வளைந்துகொண்டே வந்தது. நின்றது.

மூலையில் ஸ்பீக்கர் பெட்டி. ஒன்றின்மேல் ஒன்று, இரண்டு. ஊரையெல்லாம் அகற்றச் சொல்லி மைக்கில் கத்திய அருண்குமார் தன் பெட்டியை அகற்றவில்லை.

"பின்னாடி எடுத்தா நாலு," என்றார் வெங்கடாசலம்.

"எடுக்கல சார்," என்றார் முனிராஜ். பிரேக்கில் கால். வியர்வை மூக்கு நுனியில். "நிக்கறேன். நிக்கறதுக்கு கணக்கு இல்லையே?"

"டேய் அருணு!" தீர்த்தம்மாள் கத்தினாள். "ஊர் கல்லையெல்லாம் தூக்கச் சொன்னியே, உன் பொட்டிய எவன்டா தூக்குவான்?"

அருண்குமார் ஒயரைப் பிடுங்கினான். மேல்பெட்டியைத் தலையில் ஏற்றினான். கீழ்ப்பெட்டியை ஆக்சிலியா பிடித்தாள், தீர்த்தம்மாள் பிடித்தாள், மூன்று பேர் வந்து பிடித்தார்கள். கேமரா கழுத்தில் ஆடிப் பெட்டியில் மோதியது. மோதட்டும். தூக்கிக்கொண்டு ஓரம் சாய்ந்தார்கள். பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரம் ஆக்சிலியாவின் தோளை உரசாமல் உரசிப் போனது. சூடு அடித்தது. டீசல் வாசமும் கொள்ளு வாசமும் சேர்ந்து அடித்தன.

பஸ் அரூர் பக்கம் பார்த்து நின்றது.

வெங்கடாசலம் நெற்றுகள்மேல் நடந்தார். ஒரு பக்கம் பார்த்தார். மறுபக்கம் பார்த்தார். எழுதினார். நிறைய எழுதினார். தீர்த்தம்மாள் கழுத்தை எட்டிப் பார்த்தாள். தெரியவில்லை.

"என்னாங்க எழுதறீங்க?"

"நாளைக்கு இங்க ஒரு கல் கெடந்தாலும் வண்டி கரடிப்பாறைக்குத் திரும்பிடும்னு எழுதறேன்."

அப்படியென்றால் வண்டி இனி இங்கேதான். முதலில் கோவிந்தன்தான் கத்தினார். பிறகு ஊரே கத்தியது. யாரோ பூசணிக்காயை உடைத்தார்கள். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்க மறந்து, கடைசி நிமிஷத்தில் வைத்தார்கள். முனிராஜுக்கு மாலை. மோர்ச் செம்பு ஜன்னல் வழியாக ஏறியது. தீர்த்தம்மாள் ஆக்சிலியாவின் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

"இதெல்லாம் முந்தியே சொல்றதுக்கு என்னாடி?"

"நீங்கதாங்க்கா பாட்டுப் போட்டுக்கினு இருந்தீங்க."

பஸ் நிமிஷத்தில் நிரம்பியது. பெண்களில் பாதிப் பேர் ஏறினார்கள். கண்டக்டர் டிக்கெட் கிழிக்கக் கிழிக்கக் கேட்டார்.

"எங்கம்மா போறீங்க?"

"அரூருக்கு."

"அரூர்ல என்ன வேலை?"

"ஒரு வேலையும் இல்லீங்க. போயிட்டு இதுலயே வரோம்."

தீர்த்தம்மாள் ஏறவில்லை. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்து ஜன்னலைத் தட்டினாள்.

"டிரைவரு தம்பி, மறுபடி எத்தினி மணிக்கு?"

"ரெண்டே காலுங்க."

"சரி." திரும்பிக் குரல் கொடுத்தாள். "இத வாரிட்டு, வூட்டுக்குப் பின்னாடி கெடக்கற போரக் கொண்டாந்து பிரிச்சுப் போடுங்கடி. ரெண்டே காலுக்கு வண்டி வருதாம்."

"போடக்கூடாது!" வெங்கடாசலம் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டினார். "யம்மா, கேக்குதா? போடக்கூடாது!"

முனிராஜ் ஹாரனை அழுத்தினார். பஸ் கிளம்பியது. படிக்கட்டில் தொங்கிக்கொண்டிருந்த ஆக்சிலியா ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் படம் எடுத்துக்கொண்டே போனாள்.